சென்ட்ரல் பார்க் இலவச ஓபரா: அம்மாவோடு போகிறவருக்கு

நியூயார்க் சென்ட்ரல் பார்க்கில் நடக்கும் இலவச ஓபரா (பாட்டாகவே பாடி நடிக்கும் நாடகம்) கச்சேரிக்குப் போன தடவை போய் ஓரமாக உட்கார்ந்ததில் பியானோதான் கேட்டது, மொழி புரியாமல் அம்மாவுக்குத் தூக்கம் வந்துவிட்டது என்று எழுதியிருந்தீர்கள். இரண்டுக்கும் வழி இருக்கிறது.

நியூயார்க்கின் ஓபரா நிறுவனமான மெட்ரோபாலிட்டன் ஓபரா நடத்தும் இந்தக் கோடைக் கச்சேரியில் ஆர்கெஸ்ட்ரா கிடையாது. ஒரு பியானோ, சில பாடகர்கள், மைக், அவ்வளவுதான். திறந்தவெளியில் ஒலியைத் திருப்பி அனுப்பச் சுவர் இல்லை. எல்லாம் ஸ்பீக்கர் வழியாகத்தான் வரும். ஓரத்தில் இருந்தால் ஒரு பக்கத்து ஸ்பீக்கர் மட்டும் காதில் அறையும், குரல் அமுங்கிவிடலாம். இரண்டு ஸ்பீக்கர்களுக்கும் இடையே எவ்வளவு தூரமோ, கிட்டத்தட்ட அவ்வளவு தூரம் தள்ளி நட்டநடுவில் உட்காருங்கள். டிக்கெட் இல்லாததால் அந்த இடம் சீக்கிரம் போய்விடும். ஒரு மணி நேரம் முன்னதாகப் போங்கள். தண்ணீரைக் கண்ணாடி பாட்டிலில் கொண்டுபோக வேண்டாம்.

மொழி புரியாததற்கு முழுக்கதை தேவையே இல்லை, பாடுவது தனித்தனிப் பாட்டுகள்தான். ஒவ்வொரு பாட்டும் பெரும்பாலும் மூன்று முதல் ஐந்து நிமிடம். யார், யாரிடம், எதற்காகப் பாடுகிறார் என்று ஒரே வரியில் அம்மாவுக்குச் சொல்லிவிடுங்கள். இத்தாலிய இசையமைப்பாளர் புச்சினியின் ‘ஓ மியோ பப்பீனோ காரோ’ என்ற பாட்டு அடிக்கடி பாடப்படுவது. அது வரும் ஓபரா 1918இல் இதே மெட்ரோபாலிட்டனில்தான் முதலில் அரங்கேறியது. காதலனுக்குக் கல்யாணம் செய்துவைக்காவிட்டால் ஆற்றில் விழுந்துவிடுவேன் என்று மகள் அப்பாவிடம் கெஞ்சுகிறாள். முடிவில் ‘பியெதா, பியெதா’ என்று குரல் தணியும். ‘இரக்கம் காட்டுங்கள்’ என்று பொருள். அந்த இடத்தில் அம்மா நிச்சயம் நிமிர்ந்து உட்காருவார்.