வயலை விற்காதீர்கள் அக்கா, மகள் தரவுத்தளம் படிக்கட்டும்

களுவாஞ்சிக்குடிப் பக்கமிருந்து ஒரு தாயும் மகளும் போன கிழமை என்னிடம் வந்திருந்தார்கள். மகள் உயர்தரத்தில் கணிதப் பிரிவு. இரசாயனவியலுக்குப் பதிலாகத் தகவல் தொடர்பாடல் தொழில்நுட்பம் எடுத்தவள். மூன்று பாடமும் சித்தி, பல்கலைக்கழகம் போக இசட் புள்ளிதான் காணாது. லண்டனில் இருக்கும் மாமா, கொழும்பில் தனியார் நிறுவனம் ஒன்றில் என்ஜினியரிங் படிக்கட்டும், பட்டம் வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்தினுடையது என்று அடம்பிடிக்கிறார். பெரியம்மாவோ இன்னொரு முறை சோதினை எடுக்கட்டும் என்கிறார். இதற்கிடையில் படுவான்கரையில் உள்ள இரண்டு ஏக்கர் வயலுக்கு விலை பேசியாகிவிட்டது.

"பயப்படாதீங்க, பிள்ளை நல்லா வரும்" என்று சொல்லி அனுப்புவது எனக்குச் சுலபம். வயலுக்கு விலை பேசுகிற வீட்டில் அப்படிச் சொல்ல எனக்கு மனம் வரவில்லை. அக்கா, வயலை விற்காதீர்கள்.

பெரியம்மாவுக்கு முதலில் ஒன்று சொல்லிவிடுகிறேன். அரச பல்கலைக்கழகத்தில் பொறியியலுக்கு இரசாயனவியல் வேண்டும். மகள் எடுத்த பாடங்களோடு எத்தனை முறை எழுதினாலும் அந்தக் கதவு திறக்காது. மாமாவின் யோசனைக்கு வருவோம். முதல் தவணையை அவர் கட்டுவார் என்கிறீர்கள். மற்றத் தவணைகள்? கொழும்பில் அறை வாடகை, சாப்பாடு, பஸ் காசு? முழுச் செலவையும் ஒரு தாளில் எழுதி, எதை யார் கட்டுவது என்று பெயர் போட்டுத் தரச் சொல்லுங்கள். பெயர் இல்லாத வரி ஒவ்வொன்றும் உங்கள் வயலிலிருந்துதான் போகும். இரண்டாம் வருடத்தில் காசு முடிந்தால் பட்டமும் இல்லை, வயலும் இல்லை.

இத்தனை பேர் பேசியதில் மகளின் விருப்பத்தை ஒருவரும் கேட்கவில்லை. நான் கேட்டேன்.

பரீட்சை முடிந்ததிலிருந்து அவள் கல்முனையில் ஒரு மொத்த வியாபாரக் கடையில் கணக்கு எழுதுகிறாள். கடைக்காரர் ஒரு பழைய சேர்வர் வாங்கினார்: இரண்டு புரொசசர், ஒவ்வொன்றிலும் 8 கோர், அதாவது தனித்தனியாக வேலை செய்யும் எட்டு உட்பகுதி. பில் போடுவது பழையபடி மந்தமாகவே இருந்தது. இன்னும் பெரிய மெஷின் வாங்கச் சொல்லி அவருக்கு ஆலோசனை வந்தது. இந்தப் பிள்ளை கணினியின் வேலைப்பளுவைக் காட்டும் டாஸ்க் மனேஜரைத் திறந்து பார்த்திருக்கிறாள். கோர்களைக் காட்டும் கட்டங்களில் சிலவற்றில் கோடு ஏறி இறங்குகிறது, மற்றவை தரையோடு கிடக்கின்றன. இரவு முழுக்கப் போனில் தேடிக் காரணத்தைப் பிடித்துவிட்டாள். கடையின் மென்பொருள், தரவைச் சேமித்துத் தேடித் தரும் மைக்ரோசொஃப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வரின் இலவச எக்ஸ்பிரஸ் பதிப்பில் ஓடுகிறது. அந்தப் பதிப்பு ஒரு புரொசசர் அல்லது நான்கு கோர், இரண்டில் எது குறைவோ அதற்கு மேல் எடுத்துக்கொள்ளாது. தரவை வைத்திருக்கும் நினைவகமும் சுமார் 1.4 ஜிபிதான். 64 கோர் வாங்கி வைத்தாலும் தரவுத்தளத்துக்கு அதே நான்குதான்.

கடைக்காரரின் காசு தப்பியது. அவளுக்கு அது போதவில்லை. "அந்த நாலு கோரும் முழுசா ஓடயும் இல்ல சேர், அப்ப பில் ஏன் பிந்துது?" என்று என்னிடமே கேட்டாள். அந்தக் கேள்விக்குச் சம்பளம் கொடுக்கும் தொழில் ஒன்று இருக்கிறது: தரவுத்தள நிர்வாகி. எங்கள் பகுதியில் கணினி படிக்கப் போகிற பிள்ளைகள் வெப்சைட், ஆப் என்றுதான் பேசுகிறார்கள். வங்கி, ஆஸ்பத்திரி, காப்புறுதி, தொலைபேசி நிறுவனம் என எல்லாவற்றின் அடியிலும் ஓடிக்கொண்டிருக்கும் தரவுத்தளத்தைக் காவல் காப்பதும் ஒரு வேலை என்று அவர்களுக்கு யாரும் சொல்வதில்லை. அதனால் நான் விரிவாகவே சொல்கிறேன்.

புரொசசர் கூடினால் வேகமும் கூடும் என்று எல்லாரும் நினைக்கிறோம். பத்து வெட்டு மெஷினை வயலில் இறக்கினாலும், நெல் வெளியே வர ஒரேயொரு வண்டிப்பாதை என்றால் பதினோராவது மெஷினால் பயன் இல்லை. தரவுத்தளத்தில் அந்த ஒற்றைப் பாதை பல உருவத்தில் வரும். இருவர் ஒரே பொருளின் இருப்பை ஒரே நேரத்தில் மாற்றப் போனால் ஒருவர் முடிக்கும் வரை மற்றவர் காத்திருக்கத்தான் வேண்டும். கணினி வடிவமைப்பாளர் ஜீன் அம்டால் 1967இல் முன்வைத்த வாதம் இன்று ஒரு கணக்காகவே இருக்கிறது: ஒரு வேலையில் பத்தில் ஒரு பங்கு வரிசையாகத்தான் நடக்க முடியும் என்றால், எத்தனை புரொசசர் போட்டாலும் வேகம் பத்து மடங்கைத் தாண்டாது.

மென்பொருளுக்கு மென்பொருள் குணமும் வேறு. மைஎஸ்கியூஎல் என்ற தரவுத்தள மென்பொருளில் ஒரு கேள்வியை, அதாவது தரவைக் கேட்டு அனுப்பும் ஒரு கட்டளையை, பெரும்பாலும் ஒரு கோர்தான் சுமக்கும். பல கேள்விகள் ஒரே நேரத்தில் வந்தால்தான் மற்றக் கோர்களுக்கு வேலை. போஸ்ட்கிரெஸ் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருள் ஒவ்வொரு இணைப்புக்கும் தனியாக ஓடும் ஒரு நிரலை (புரொசெஸ்) திறக்கும். ஒரே கேள்வியைப் பல கோர்களுக்குப் பிரித்துக் கொடுக்க அது 2016இல் வந்த 9.6 பதிப்பில்தான் தொடங்கியது. இன்றும் அமைப்பை மாற்றாவிட்டால் அப்படிப் பிரிக்கும் ஒரு கட்டத்துக்கு இரண்டு உதவியாளர்களுக்கு மேல் கூப்பிடாது. அதை எத்தனையாக்குவது, எந்த நேரத்தில் குறைப்பது என்று முடிவெடுப்பது மனிதர்தான்.

இரண்டு புரொசசர் மெஷினில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒவ்வொரு புரொசசருக்கும் பக்கத்தில் சொந்த நினைவகம் உண்டு; மற்றதன் நினைவகத்துக்குப் போய் எடுப்பது தாமதம். லினக்ஸ் இயங்குதளத்தில் மைஎஸ்கியூஎல் ஓடும்போது சிலவேளை ஒரு பக்கம் நிரம்பி டிஸ்க்குக்குத் தள்ளத் தொடங்கும், மறுபக்கம் பல ஜிபி வெறுமையாகக் கிடக்கும். மொத்தத்தைப் பார்க்கிறவருக்கு "நினைவகம் மிச்சம் இருக்கே, பிறகேன் மந்தம்?" என்ற குழப்பம்தான் வரும். நினைவகத்தை இரு பக்கமும் மாறி மாறி ஒதுக்கச் செய்தால் பிரச்சினை தீரும். இதைக் கண்டுபிடிக்கக் கட்டம் கட்டமாகப் பார்க்கும் கண் வேண்டும், அந்தக் கண் உங்கள் மகளிடம் இருக்கிறது.

காசுக் கணக்கும் இதில் உண்டு. 2012 பதிப்பிலிருந்து எஸ்கியூஎல் சேர்வரின் பெரிய பதிப்பின் உரிமத்தைக் கோர் எண்ணிக்கைப்படி விற்கிறார்கள். ஒராக்கிள் என்ற தரவுத்தளத்தின் பெரிய பதிப்பும் கோரை எண்ணித்தான் விலை போடுகிறது. இன்டெல் மெஷினில் இரண்டு கோருக்கு ஒரு உரிமம். தேவையில்லாத எட்டுக் கோரை வெட்டச் சொல்லும் ஆள் நிறுவனத்துக்கு எவ்வளவு மிச்சம் பிடித்துக் கொடுக்கிறார் என்று யோசியுங்கள். பல நேரம் வன்பொருளில் கை வைக்கவே தேவையில்லை. சரியான இடத்தில் ஒரு இன்டெக்ஸ், அதாவது தரவைச் சட்டென்று தேடி எடுக்க உதவும் அட்டவணை, போட்டால் 16 கோர் செய்யாததை அது செய்துவிடும். பிள்ளையின் பில் கேள்விக்கும் நான் முதலில் அங்கேதான் தேடச் சொன்னேன்.

கஷ்டத்தையும் மறைக்க மாட்டேன். படித்து முடித்ததும் யாரும் தரவுத்தளச் சாவியைக் கையில் தர மாட்டார்கள். உதவி மேசை, சிஸ்டம் உதவியாளர் என்றுதான் தொடக்கம். ஆட்கள் தூங்கும் நேரத்தில் பராமரிப்பு வேலை வரும். வீட்டிலிருந்தே செய்யக்கூடியதுதான், ஆனாலும் வரும். மட்டக்களப்பில் இந்தப் பதவிகள் குறைவு, முதல் சில வருடம் கொழும்பாகத்தான் இருக்கும். ஆனால் அப்போது அவள் அங்கே சம்பளத்துக்குப் போகிறாள், உங்களுக்குச் செலவில்லை. அப்புறம் ஆங்கிலம். இந்தத் துறையின் கையேடுகள் ஆங்கிலத்தில்தான் இருக்கின்றன. தினமும் ஒரு பக்கம் அகராதியோடு வாசிக்கட்டும், இதில் சலுகை கிடையாது.

படிப்புக்கு: மட்டக்களப்பிலும் சம்மாந்துறையிலும் அரச உயர் தொழில்நுட்ப நிறுவனங்கள் இருக்கின்றன. தகவல் தொழில்நுட்ப உயர் தேசிய டிப்ளோமாவுக்கு முழுநேரமாகச் சேர்ந்தால் வகுப்புக் கட்டணம் இல்லை, வீட்டிலிருந்தே போய் வரலாம். பட்டம் வேண்டும் என்று மாமா நின்றால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரிப் பட்டம் இருக்கிறது, அதற்கு விண்ணப்பிக்கலாம். உதவ மனமிருந்தால் அவர் ஒரு நல்ல மடிக்கணினி வாங்கி அனுப்பட்டும். 16 ஜிபி நினைவகம் போதும்.

அது வந்ததும் மகள் செய்ய வேண்டியது: லினக்ஸும் போஸ்ட்கிரெஸும் போடுவது, இரண்டும் இலவசம். போஸ்ட்கிரெஸோடு பிஜிபெஞ்ச் என்ற சோதனைக் கருவியும் வரும். அதில் ஒரு இணைப்பு, நான்கு, எட்டு, பதினாறு, முப்பத்திரண்டு என்று கூட்டிக்கொண்டே போய், ஒரு செக்கனுக்கு எத்தனை பரிவர்த்தனை நடக்கிறது என்று கொப்பியில் எழுத வேண்டும். ஒரு இடத்தில் எண்ணிக்கை ஏறுவது நிற்கும், பிறகு இறங்கவும் கூடும். எங்கே நின்றது, அந்த நேரம் கோர்கள் என்ன செய்தன, டிஸ்க் என்ன செய்தது என்று அவளே காரணம் எழுதட்டும். விண்ணப்பம் போட்ட பிறகு அந்தக் கொப்பியோடு என்னிடம் வரச் சொல்லுங்கள் அக்கா. வயல் வாங்க வந்தவருக்கு இன்றைக்கே பதில் சொல்லிவிடுங்கள்.