நர்சம்மா பதில்கள்: டாக்டர் எத்தனை மணிக்கு வருவார்?

கல்வராயன் மலையடிவாரத்தில் 32 வருடம் கிராம சுகாதார செவிலியராக வேலை பார்த்து 2019-ல் ஓய்வு பெற்றவள் நான். இந்த மாதம் வந்த கடிதங்களில் முக்கால்வாசி ஒரே விஷயத்தைப் பற்றியவை: கிராமத்து அரசு சுகாதார நிலையங்களில் டாக்டர், மருந்து, கட்டடம் எதுவும் சரியாக இல்லாதது. அதனால் குழந்தைகளுக்கான சத்துணவு பற்றிக் கேட்டவர்கள் அடுத்த இதழ் வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

கேள்வி: என் மாமியாருக்கு சர்க்கரையும் பிரஷரும் இருக்கிறது. காலை ஏழரை பஸ்ஸைப் பிடித்து ஆரம்ப சுகாதார நிலையத்துக்குப் போகிறோம். சீட்டு போட்டு உட்கார்ந்தால் டாக்டர் வர 11 மணி. ஒரு மணிக்குக் கிளம்பிவிடுகிறார். போன வாரம் "டாக்டர் மீட்டிங் போயிருக்கார்" என்று சொல்லி நர்ஸே பழைய மாத்திரையை எழுதிக் கொடுத்தார். ஆத்திரத்தில் அந்த நர்ஸிடம் கத்திவிட்டு வந்தேன். தப்பா?
*வாசகி, திருவண்ணாமலை மாவட்டம்*

கோபம் தப்பில்லை தங்கச்சி. அதை அந்த நர்ஸ் பெண்ணிடம் கொட்டியதுதான் தப்பு.

என் துணை நிலையம் சேர்ந்திருந்த ஆரம்ப சுகாதார நிலையத்தைச் சொல்கிறேன். இரண்டு டாக்டர் பணியிடம் உண்டு. என் கடைசி எட்டு வருடத்தில் இரண்டு பேரும் சேர்ந்து இருந்த மாதங்களை விரல்விட்டு எண்ணிவிடலாம். ஒரு பணியிடம் காலியாகவே கிடக்கும். அப்படியே ஆள் வந்தாலும் 'மாற்றுப்பணி' என்று வேறு ஆஸ்பத்திரிக்கு அனுப்பிவிடுவார்கள். அவர் பெயர் எங்கள் வருகைப் பதிவேட்டில் இருக்கும், சம்பளம் எங்கள் நிலையக் கணக்கில் போகும், ஆள் அறுபது கிலோமீட்டர் தள்ளி வேலை பார்ப்பார். மீதி இருக்கும் ஒருவர்தான் செவ்வாய்க்கிழமை கர்ப்பிணிகளைப் பார்ப்பார், பள்ளிக்கூட முகாமுக்குப் போவார், ஆய்வுக் கூட்டத்துக்குப் போவார், பழைய வழக்கில் சாட்சி சொல்ல கோர்ட்டுக்கும் போவார். 9 மணிக்கு வந்து 1 மணி வரை அசையாமல் உட்கார்ந்தாலும் மொத்தம் 240 நிமிடம்தான். எங்கள் ஓ.பி. நாளுக்கு 150 சீட்டுக்குக் குறையாது. ஒருவருக்கு இரண்டு நிமிடம்கூட வராது. சமவெளியில் 30,000 பேருக்கு ஒரு நிலையம், மலையில் 20,000 பேருக்கு ஒன்று என்பது கணக்கு. அதை ஒற்றை டாக்டர் தலையில் கட்டினால் இதுதான் நடக்கும்.

இதற்காக 11 மணிக்கு வருவது சரி என்று நான் சொல்லவில்லை. கூட்டம், கோர்ட் எதுவும் இல்லாத நாளிலும் அவர் 11 மணிக்குத்தான் வருகிறார் என்றால் அதைக் கேட்க உங்களுக்கு முழு உரிமை உண்டு. ஆனால் கேட்க வேண்டிய ஆள் ஜன்னலில் உட்கார்ந்திருக்கும் நர்ஸ் இல்லை. 2015-ல் மருத்துவப் பணியாளர் தேர்வு வாரியம் மூலமாக எங்கள் நிலையத்துக்கு வந்த நர்ஸுகளுக்கு அப்போது மாதம் 7,700 ரூபாய் தொகுப்பூதியம். அதில் ஒரு பெண்ணின் முகத்தில் ஒருவர் ஓ.பி. சீட்டைக் கசக்கி எறிந்ததை நான் பக்கத்தில் நின்று பார்த்தேன். அவள் குனிந்து அதை எடுத்து, நீவி, "அண்ணா, பிரஷர் பார்த்துடலாம் வாங்க" என்றாள். அன்று முந்தின நாள் இரவுப் பணியும் அவள்தான் பார்த்திருந்தாள்.

சரி, யாரைக் கேட்பது? ஒரு வெள்ளைத் தாளில் தகவல் உரிமைச் சட்டப்படி மனு எழுதுங்கள். 10 ரூபாய் கோர்ட் பீ ஸ்டாம்ப் ஒட்டி, மாவட்ட சுகாதார அலுவலர் அலுவலகத்தின் பொதுத் தகவல் அலுவலருக்கு அனுப்புங்கள். மூன்றே கேள்வி போதும். எங்கள் நிலையத்துக்கு அனுமதிக்கப்பட்ட பணியிடம் எத்தனை? இன்று நிரம்பியிருப்பது எத்தனை? மாற்றுப்பணியில் வெளியே இருப்பவர்கள் யார், எந்தத் தேதியிலிருந்து? 30 நாளில் பதில் தர வேண்டும். அந்தப் பதிலை எடுத்துக்கொண்டு கிராம சபைக்குப் போங்கள். ஜனவரி 26, மார்ச் 22, மே 1, ஆகஸ்ட் 15, அக்டோபர் 2, நவம்பர் 1 என்று வருடத்துக்கு ஆறு முறை கூடுகிறது. வாயால் பேசிவிட்டு வராதீர்கள். தீர்மானமாக எழுதச் சொல்லி, தீர்மான எண்ணைக் கேட்டு வாங்குங்கள். "அந்த ஊர் டாக்டரை அனுப்பிவிடலாம், கேட்க ஆள் இல்லை" என்று நினைத்துத்தான் மாற்றுப்பணி போடுகிறார்கள். எழுத்தில் கேட்கிற ஊரில் கை வைக்க யோசிப்பார்கள்.

அப்புறம், மாமியாருக்கு மாத்திரை மட்டும் என்றால் அலைய வேண்டாம். 2021 ஆகஸ்டில் தொடங்கிய மக்களைத் தேடி மருத்துவத்தில் பெயரைச் சேருங்கள், வீட்டுக்கே வரும். ஆனால் கால் புண்ணையும் கண் மங்கலையும் மாத்திரை கொண்டுவரும் பெண்ணால் பார்க்க முடியாது. அதற்கு டாக்டர் வேண்டும். அதனால் அந்த மனுவை எழுதாமல் விட்டுவிடாதீர்கள்.

கேள்வி: மகனை நாய் கடித்தது. நிலையத்தில் "ஊசி இல்லை, ஜி.எச். போங்க" என்றார்கள். இன்னொரு நாள் "நாலு பேர் சேரட்டும், ஒரு குப்பியை உடைக்கிறோம்" என்றார்கள். இது நியாயமா?
*வாசகர், அரியலூர் மாவட்டம்*

நியாயமே இல்லை ஐயா. ஒரு குப்பியில் பல பேருக்குத் தோலில் போடலாம் என்பதும், உடைத்தால் சில மணி நேரத்தில் தீர்க்க வேண்டும் என்பதும் உண்மை. அதற்காகக் கடிபட்ட குழந்தையைக் காக்க வைக்க முடியாது. மீதி வீணானால் ஆகட்டும், அதை எழுதி வைத்தால் போதும். அடுத்த முறை வாக்குவாதம் செய்துகொண்டு நிற்காமல் அங்கிருந்தே 104 என்ற சுகாதார உதவி எண்ணுக்கு போன் போடுங்கள். ஒவ்வொரு நிலையத்துக்கும் மருந்து எடுக்க ஒரு பாஸ்புக் உண்டு. மாவட்டக் கிடங்கிலிருந்து யார் எப்போது என்ன எடுத்தார்கள் என்று அதில் தெரிந்துவிடும். இருப்பு தீரும் முன்பே எடுத்து வைப்பது அவர்கள் வேலை. வீட்டில் செய்ய வேண்டியது, கடித்த இடத்தை ஓடும் தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவுவது. மஞ்சள், சுண்ணாம்பு எதையும் அப்பாதீர்கள். 0, 3, 7, 28 ஆகிய நாள்களில் ஊசி, ஒன்றுகூட விடக் கூடாது.

கேள்வி: எங்கள் ஊர் துணை சுகாதார நிலையத்தின் கூரை ஒழுகுகிறது. கம்பி வெளியே தெரிகிறது. நர்சம்மா வாடகை வீட்டுத் திண்ணையில் தடுப்பூசி போடுகிறார். பஞ்சாயத்தைக் கேட்டால் "சுகாதாரத் துறை கட்டடம்" என்கிறார்கள், சுகாதாரத் துறையைக் கேட்டால் "எஸ்டிமேட் போயிருக்கு" என்கிறார்கள். எத்தனை வருடம் போகும்?
*ஓய்வு பெற்ற ஆசிரியர், விழுப்புரம் மாவட்டம்*

இந்தக் கடிதத்தைப் படித்ததும் என் பழைய அறை கண்ணில் நின்றது சார். நான் இருந்ததும் அப்படி ஒரு கட்டடம்தான். 1980-களில் டென்மார்க் அரசின் டேனிடா உதவியில் அன்றைய சேலம், தென்னாற்காடு மாவட்டங்களில் நிறைய துணை நிலையங்கள் கட்டினார்கள். எங்கள் பக்கத்தில் அதை இன்றும் 'டேனிடா பில்டிங்' என்றுதான் சொல்வார்கள். முன்னால் ஒரு அறையில் வேலை, பின்னால் ஒரு அறையில் நான். நான் சேர்ந்தபோது சுண்ணாம்பு வாசனை போகாத புதுக் கட்டடம். அதன் பிறகு ஒரு பத்து வருடம் யாரும் ஒரு கரண்டி சிமெண்ட் வைக்கவில்லை.

ஒரு ஐப்பசி இரவு. முதல் பிரசவம், வலி முற்றிவிட்டது, மழையில் ஓடை நிறைந்து மலைப்பாதை துண்டித்துவிட்டது. கட்டிலுக்கு மேலே கூரை பொருக்கு விட்டு உதிர ஆரம்பித்தது. அந்தப் பெண்ணின் மாமியாரும் நானும் தார்ப்பாயை நாலு ஜன்னல் கம்பியிலும் இழுத்துக் கட்டினோம். தார்ப்பாயில் தண்ணீர் தேங்கித் தொப்பையாகத் தொங்கியது. மாமியார் துடைப்பக் கட்டையால் அதைக் கீழிருந்து தூக்கித் தூக்கி ஓரமாக ஊற்றிக்கொண்டிருந்தார். நான் டார்ச்சை வாயில் கடித்துக்கொண்டு தொப்புள்கொடி கட்டினேன். பெண் குழந்தை. நன்றாக இருக்கிறாள், அவளுக்கே இப்போது இரண்டு பிள்ளைகள். அன்று ஒரு காரைத் துண்டு அந்தக் குழந்தை மேல் விழுந்திருந்தால் நான் யாரிடம் போய் என்ன சொல்லியிருப்பேன் என்று இன்றும் நினைத்துக்கொள்வேன்.

கட்டுவதற்கு எப்படியோ பணம் வந்துவிடுகிறது. முதலில் டேனிடா. பிறகு 2021 முதல் ஐந்து வருடத்துக்கு மத்திய அரசின் 15-வது நிதிக்குழு உள்ளாட்சிகள் வழியாகச் சுகாதாரத்துக்கு நாடு முழுக்க 70,051 கோடி ரூபாய் ஒதுக்கச் சொன்னது. புதுத் துணை நிலையங்கள் சிலவற்றின் பலகையில் அந்தப் பெயரைப் பார்த்திருப்பீர்கள். ரிப்பேருக்கு மட்டும் யாரிடமும் காசு இருக்காது. 2005-ல் தேசிய ஊரக சுகாதார இயக்கம் வந்த பிறகுதான் துணை நிலையத்துக்கு வருடம் 10,000 ரூபாய் கையில் கிடைத்தது. நானும் ஊராட்சித் தலைவரும் சேர்ந்து கையெழுத்துப் போட்டால்தான் எடுக்க முடியும். மோட்டார் காயில் எரிந்ததற்கு 4,500 ரூபாய் எடுக்க அவர் வீட்டுக்கு மூன்று தரம் நடந்தேன். பத்தாயிரத்தில் மோட்டாரைச் சரி செய்யலாம், கதவுக்குத் தாழ்ப்பாள் போடலாம். கூரை போட முடியுமா?

நீங்கள் செய்ய வேண்டியது, அந்த இரண்டு துறையையும் ஒரே தாளில் சேர்த்துக் கேட்பது. கட்டடத்தின் நிலம் யார் பெயரில், எஸ்டிமேட் எந்தத் தேதியில் எந்த அலுவலகத்துக்குப் போனது என்று எழுத்தில் வாங்குங்கள். கலெக்டர் அலுவலகத் திங்கள்கிழமை குறைதீர் கூட்டத்தில் அதையும் கூரையின் போட்டோவையும் இணைத்து மனு கொடுங்கள். சட்டமன்ற உறுப்பினரிடமும் ஒரு நகல். ஆசிரியராக இருந்தவர் நீங்கள், ஊரில் உங்கள் சொல்லுக்கு மதிப்பு இருக்கும். அந்த நர்சம்மாவை மட்டும் உடன் அழைத்துப் போகாதீர்கள். அவளுக்கு மெமோ வரும்.

கேள்வி: மகள் எம்.பி.பி.எஸ். முடித்து, தேர்வு எழுதித் தேறி, மலை அடிவார நிலையம் ஒன்றில் பணி ஆணை வாங்கியிருக்கிறாள். தனியாக எப்படி இருப்பாள் என்று எனக்கு வயிற்றைக் கலக்குகிறது. அனுப்ப வேண்டாம் என்று சொல்வது சுயநலமா?
*ஒரு தாய், மதுரை*

சுயநலம் இல்லை அம்மா. என் மகளாக இருந்தாலும் எனக்கும் இதே பயம்தான் வந்திருக்கும்.

எங்கள் நிலையத்துக்கு ஒரு சின்னப் பெண் டாக்டராக வந்தாள். குவார்ட்டர்ஸ் இருந்தது. பின்கதவுக்குத் தாழ்ப்பாள் இல்லை, குளியலறைக்குக் கூரை பாதிதான். அதனால் டவுனில் வீடு எடுத்து தினமும் 38 கிலோமீட்டர் பஸ்ஸில் வந்தாள். ஊர்க்காரர்கள் "டாக்டர் தங்க மாட்டேங்குது" என்று பேசினார்கள். எங்கள் ஊரில் ஒரு தச்சர் இருந்தார், அவர் மனைவிக்கு நான்தான் பிரசவம் பார்த்தேன். நோயாளர் நலச் சங்கத்தில் பேசி, அவரை வைத்துக் கதவைச் சரி செய்தோம். மொத்தச் செலவு 6,000 ரூபாய் சொச்சம். அடுத்த வாரம் அவள் சூட்கேஸோடு வந்து இறங்கினாள். அன்றிலிருந்து இரவில் பாம்புக்கடி கேஸ் வந்தால் ஜி.எச்.சுக்கு அனுப்பும் முன் முதல் குப்பி மருந்தை அவளே ஏற்றிவிடுவாள். ஒரு தாழ்ப்பாளுக்காக எத்தனை இரவுகள் அந்த ஊரில் டாக்டர் இல்லாமல் போனது, நினைத்துப் பாருங்கள்.

மூன்று வருடம் கழித்து அவள் மேற்படிப்புக்குப் போனாள். அரசுப் பணியில் இருப்பவர்களுக்கு மாநில ஒதுக்கீட்டில் பாதி இடம் உண்டு. அப்படி இடம் ஒதுக்க மாநிலங்களுக்கு அதிகாரம் உண்டு என்று 2020-ல் உச்ச நீதிமன்றமே உறுதி செய்தது. அந்த இடம் இருப்பதால்தான் இளம் டாக்டர்கள் எங்கள் பக்கம் எட்டிப் பார்க்கிறார்கள். அவள் படித்து வந்தால் நாளைக்கு ஒரு ஜி.எச்.சில் பிரசவ டாக்டராக நிற்பாள், அதில் எனக்குச் சந்தோஷம்தான். அவள் போன இடத்தை நிரப்ப 14 மாதம் ஆனதைத்தான் என்னால் மன்னிக்க முடியவில்லை. படிக்கப் போகும் தேதி முன்கூட்டியே தெரியும் அல்லவா?

மகளை அனுப்புங்கள். ஆனால் சேரும் முன்பு நீங்களும் ஒருமுறை போய் வாருங்கள். குவார்ட்டர்ஸில் தாழ்ப்பாள், தண்ணீர், இரவுக் காவலர் மூன்றும் இருக்கிறதா பாருங்கள். அந்த ஊர் கிராம சுகாதார செவிலியரின் போன் நம்பரை வாங்கி வைத்துக்கொள்ளுங்கள். ராத்திரி பத்து மணிக்குக் கூப்பிட்டாலும் எடுப்பாள்.

கேள்வி: 2025-26 பட்ஜெட்டில் சுகாதாரத்துக்கு 21,906 கோடி ரூபாய். இவ்வளவு பணம் இருந்தும் இல்லை இல்லை என்று நீங்கள் அரசு ஊழியர்களுக்கே பரிந்து பேசுகிறீர்கள்.
*வாசகர், சென்னை*

கேட்பதற்குப் பெரிய தொகைதான். ஏழரைக் கோடிக்கு மேல் இருக்கும் மக்களுக்கு வகுத்துப் பாருங்கள். ஆளுக்கு வருடத்துக்கு 3,000 ரூபாய்கூட வரவில்லை, மாதம் 250-க்குள். மருத்துவக் கல்லூரி, காப்பீடு, சம்பளம், மருந்து எல்லாம் அதற்குள்தான். மாநிலங்கள் தங்கள் பட்ஜெட்டில் 8 சதவீதத்துக்கு மேல் சுகாதாரத்துக்குச் செலவிட வேண்டும் என்று 2017-ன் தேசிய சுகாதாரக் கொள்கை சொல்கிறது. தமிழ்நாட்டின் மொத்தச் செலவு நாலு லட்சம் கோடியைத் தாண்டிவிட்டது. 8 சதவீதம் என்றால் 32,000 கோடிக்கு மேல் வர வேண்டும். அந்த இடைவெளியில்தான் எங்கள் கூரையும் காலிப் பணியிடமும் இருக்கின்றன.

இந்த மாநிலம் நல்லது செய்யவில்லை என்று நான் சொல்ல மாட்டேன். 1939-லேயே பொது சுகாதாரச் சட்டம் போட்ட மண் இது. 2008-ல் 108 வந்தபோது எத்தனை தாய்மார்கள் பிழைத்தார்கள் என்று எனக்குத் தெரியும், நானே ஏற்றி அனுப்பியிருக்கிறேன். ஆனால் 2023 மே மாதம் வேலூர் அல்லேரி மலையில் பாம்பு கடித்த பச்சைக் குழந்தையை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு சேர்க்க முடியவில்லை, ரோடு இல்லை. இறந்த குழந்தையைத் தாய் கையில் சுமந்து மலையேறினாள். அந்தச் செய்தியைப் படித்த அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை. ரோடு இல்லாத இடத்தில் 108 இருந்தும் என்ன செய்யும்?

வேலை செய்யாத ஊழியரைப் பற்றி நீங்கள் எழுதினால் நானும் சேர்ந்து எழுதுகிறேன். ஒன்று செய்யுங்கள். எந்த ஊர் நிலையமானாலும் சரி, ஒரு மாதம் ஒரு நோட்டில் குறித்து வையுங்கள்: டாக்டர் வந்த நேரம், போன நேரம், அன்று எத்தனை சீட்டு, எந்த மருந்து இல்லை. தேதி போட்டு எனக்கு அனுப்புங்கள். அடுத்தடுத்த இதழ்களில் ஊர் ஊராக எடுத்துப் பேசுவோம்.