வாசகர் கேள்வி – போதகர் பதில்: வாயில்லா ஜீவனும் அதை வளர்ப்பவரும்

சென்ற மாதம் வந்த கடிதங்களில் நான்கு, ஆடு மாடுகளையும் வீட்டு விலங்குகளையும் குறித்தவையாக இருந்தன. அவற்றை ஒன்றுசேர்த்து இந்த இதழில் பதில் எழுதுகிறேன்.

கேள்வி: ஐயா, என் மகள் நியூயார்க்கில் வசிக்கிறாள். அங்குள்ள ஒரு பேராலயத்தில் அக்டோபர் மாதத்தில் நாய், பூனைகளையெல்லாம் உள்ளே அழைத்துவந்து ஆசீர்வாதம் பெறுகிறார்களாம். விலங்குகளுக்கும் அவற்றை வளர்ப்பவர்களுக்கும் தனியாக ஓர் ஊழியமே சில சபைகளில் நடக்கிறது என்கிறாள். இது வேதத்துக்கு உகந்ததுதானா? (வாசகி, பாளையங்கோட்டை)

பதில்: உங்கள் மகள் சொல்வது புனித யோவான் பேராலயமாக இருக்கலாம். அது நம் தென்னிந்தியத் திருச்சபையைப் போலவே இங்கிலாந்துத் திருச்சபையின் வழிவந்த ஆங்கிலிக்கன் ஐக்கியத்தைச் சேர்ந்த, அமெரிக்காவின் எபிஸ்கோப்பல் திருச்சபையினுடையது. 1985 முதல் அங்கே, விலங்குகளை நேசித்த துறவியாகிய அசிசி பிரான்சிஸின் திருநாளையொட்டி இந்த ஆராதனை நடந்துவருகிறது; ஒட்டகமும் யானையும்கூட அதன் பெரிய வெண்கலக் கதவுகளின் வழியே பவனியாக வந்ததுண்டு. பிரான்சிஸ் 1226ஆம் ஆண்டு அக்டோபர் 3 அன்று மாலையில் மரித்தார். மறுநாளாகிய 4ஆம் தேதியே அவருடைய திருநாளாயிற்று.

ஆனால் இதை அமெரிக்கப் புதுமை என்று நினைத்துவிட வேண்டாம். எகிப்தின் வனாந்தரத்தில் வாழ்ந்த துறவி அந்தோணியாரின் திருநாளாகிய ஜனவரி 17 அன்று ரோமாபுரியிலும் ஸ்பெயினிலும் கால்நடைகளை ஆலய வாசலுக்குக் கொண்டுவரும் வழக்கம் மிகவும் பழையது. நம் நாட்டிலும் வனத்து அந்தோணியார் ஆலயங்களில், பொங்கலை அடுத்து வரும் அதே நாளில், கத்தோலிக்க உழவர்கள் மாடுகளைக் குளிப்பாட்டி, கொம்புக்கு வர்ணம் தீட்டி, ஆசீர்வாதம் பெறுவதற்காகக் குருவானவர் முன்பு நிறுத்துகிறார்கள். நியூயார்க்கின் பூனைக்கும் நம் உழவு மாட்டுக்கும் செய்யப்படும் ஜெபம் ஒன்றுதான்.

வேதத்துக்கு வருவோம். ஏழாம் நாள் ஓய்வு மனிதனுக்கு மட்டும் கொடுக்கப்படவில்லை. மாடும் கழுதையும் இளைப்பாற வேண்டும் என்று யாத்திராகமம் 23:12 வெளிப்படையாகச் சொல்கிறது. நினிவே நகரத்தை ஏன் அழிக்கவில்லை என்று யோனா தீர்க்கதரிசிக்குக் காரணம் சொல்லும்போது ஆண்டவர் ஒரு லட்சத்து இருபதினாயிரம் மனிதரோடு அங்கிருந்த திரளான மிருகஜீவன்களையும் சேர்த்தே எண்ணுகிறார். எல்லாவற்றிலும் என் மனதைத் தொடுவது யாத்திராகமம் 23:5. உன்னைப் பகைக்கிறவனுடைய கழுதை சுமையோடு விழுந்து கிடப்பதைக் கண்டால் விலகிப் போகாதே, அவனோடு சேர்ந்து அதற்கு உதவி செய் என்கிறது அந்த வசனம். இதில் கழுதையும் இருக்கிறது, கழுதைக்குச் சொந்தக்காரனாகிய பகைவனும் இருக்கிறான். சுமையைத் தூக்கும்போது நீயும் அவனும் ஒரே பக்கத்தில் குனிய வேண்டியிருக்கிறது. விலங்கையும் அதன் மனிதரையும் சேர்த்துப் பேணும் ஊழியத்துக்கு இதைவிடத் தெளிவான ஆதாரத்தை நான் கண்டதில்லை.

கேள்வி: மனிதர்களே பட்டினி கிடக்கும் நாட்டில் நாய்க்கும் மாட்டுக்கும் காணிக்கைப் பணத்தைச் செலவிடுவது பாவம் இல்லையா? (வாசகர், மதுரை)

பதில்: இந்தக் கேள்வியை நான் மதிக்கிறேன். கத்தோலிக்கத் திருச்சபையின் மறைக்கல்வி நூல் 2418ஆம் பத்தியில், விலங்குகளைத் தேவையின்றித் துன்புறுத்துவது மனித மாண்புக்கு முரணானது என்று சொல்லிவிட்டு, மனிதத் துயரைத் தீர்ப்பதற்கு முதன்மையாகச் செலவிட வேண்டிய பணத்தை விலங்குகளுக்குச் செலவிடுவதும் தகாது என்று அடுத்தே சொல்கிறது. இரண்டையும் சேர்த்துப் படிக்க வேண்டும்.

எனினும், துன்பப்படும் மனிதரிடம் கவலையில்லாதவர்களே விலங்குகளைப் பற்றிப் பேசுகிறார்கள் என்ற எண்ணம் வரலாற்றுக்குப் பொருந்தாது. லண்டனின் கிழக்குப் பகுதியில் ஆர்தர் புரூம் என்ற ஆங்கிலிக்கன் குருவானவர் இருந்தார். ஆடு மாடு குதிரைகளைக் கொடுமைப்படுத்துவதைக் குற்றமாக்கும் சட்டத்தை 1822இல் ரிச்சர்ட் மார்ட்டின் என்ற உறுப்பினர் பிரிட்டிஷ் நாடாளுமன்றத்தில் நிறைவேற்றச் செய்தும், அதை நடைமுறைப்படுத்த ஆளில்லை. எனவே ஸ்மித்ஃபீல்டு மாட்டுச் சந்தையைக் கண்காணிப்பதற்குப் புரூம் தம் கைப்பணத்திலிருந்து சம்பளம் கொடுத்து ஆளை அமர்த்தினார். 1824 ஜூன் 16 அன்று லண்டனில் ஒரு காப்பிக் கடையில் அவர் கூட்டிய கூட்டத்தில்தான் விலங்குவதைத் தடுப்புச் சங்கம் பிறந்தது. அந்தக் கூட்டத்தில் அமர்ந்திருந்தவர்களில் வில்லியம் வில்பர்ஃபோர்ஸும் ஃபவல் பக்ஸ்டனும் உண்டு. இருவரும் அடிமை முறையை ஒழிக்கப் போராடியவர்கள். ஊழியத்தின் பொருட்டுத் தம் குருப்பணியையே விட்டுவிட்ட புரூம், சங்கத்தின் கடனுக்காக 1826இல் சிறைக்கும் சென்றார். சாட்டையடி அடிமையின் முதுகில் விழுந்தாலும் குதிரையின் முதுகில் விழுந்தாலும் அதைச் சகிக்க முடியாத மனம் அவர்களுக்கு இருந்தது.

நம் ஊர் நிலையையும் எண்ணிப் பாருங்கள். ஒற்றைப் பசுவின் பாலை ஊற்றிப் பிழைக்கும் விதவைத் தாய்க்கு அந்தப் பசு படுத்துவிட்டால், சபை அவருக்கு ஒரு மூட்டை அரிசி கொடுப்பது நல்லதுதான். பசுவுக்கு மருத்துவரை அழைத்து வருவது அதைவிட நல்லது. மேலைநாட்டுச் சபைகள் ஏழைகளுக்கு உணவுப் பொருள் வழங்கும் இடத்தில் நாய், பூனைக்கான தீவனத்தையும் வைப்பதன் காரணமும் இதுவே: தனிமையில் வாழும் முதியவர்கள் தங்களுக்குக் கிடைத்ததையே அந்தப் பிராணியோடு பங்கிட்டுக்கொண்டு அரை வயிற்றோடு இருந்துவிடுகிறார்கள். வீடற்றவர்களில் சிலர், நாயை உள்ளே விடமாட்டோம் என்று சொல்லும் விடுதிக்குச் செல்வதைவிடத் தெருவிலேயே படுப்பதைத் தேர்ந்துகொள்கிறார்கள். நாயைக் கவனியாமல் அந்த மனிதரை எட்ட முடியாது.

கேள்வி: பதினான்கு ஆண்டுகள் எங்களோடு வாழ்ந்த நாய் இறந்துவிட்டது. ஜெபிக்கச் சொல்லிக் கேட்டபோது, ஆத்துமா இல்லாத பிராணிக்காக அழுவது விசுவாசக் குறைவு என்று ஒரு போதகர் சொன்னார். அன்றுமுதல் ஆலயத்துக்குப் போகவே மனமில்லை. (வாசகி, தூத்துக்குடி)

பதில்: அம்மா, முதலில் உங்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொள்கிறேன். அந்த வார்த்தை உங்களுக்குச் சொல்லப்பட்டிருக்கக் கூடாது.

நாத்தான் தீர்க்கதரிசி தாவீதிடம் சொன்ன உவமையை (2 சாமுவேல் 12) எடுத்து வாசியுங்கள். ஒரு தரித்திரனுக்கு ஒரே ஒரு ஆட்டுக்குட்டி இருந்தது. அது அவன் உணவில் தின்று, அவன் பாத்திரத்தில் குடித்து, அவன் மடியில் படுத்து, அவனுக்கு மகளைப் போல இருந்தது என்கிறார் நாத்தான். ஐசுவரியவான் அதைப் பிடித்துச் சமைத்துவிட்டான் என்று கேட்டவுடன் தாவீது கோபத்தால் கொதித்தெழுகிறார். ஆடு மேய்த்து வளர்ந்த அரசருக்கு அந்த அன்பு விளங்கும் என்று நாத்தான் அறிந்திருந்தார். மடியில் படுத்த பிராணியை மகளாகவே எண்ணிய அந்த ஏழையை வேதம் எங்கும் ஏளனம் செய்யவில்லை. பின் உங்களை ஏளனம் செய்ய எங்களுக்கு என்ன உரிமை?

மறுமையில் விலங்குகளின் நிலை என்ன என்பதற்குச் சபைகள் பல விதமாக விடை சொல்கின்றன. சிருஷ்டி முழுவதும் விடுதலைக்காகக் காத்திருக்கிறது என்று ரோமர் 8ஆம் அதிகாரத்தில் பவுல் எழுதியதை நான் பற்றிக்கொள்கிறேன். ஆனால் நீங்கள் கேட்டது உபதேசத்தை அல்ல, ஜெபத்தை. பதினான்கு ஆண்டுகள் வாசலில் காத்திருந்த ஒரு ஜீவனுக்காக நன்றி செலுத்துவதற்கு எந்த உபதேசமும் தடையாக நிற்காது. உங்கள் சேகரத்தில் இன்னொரு மூப்பரையோ உங்களுக்கு நெருக்கமான சபையாரையோ வீட்டுக்கு அழைத்து, அதைப் புதைத்த இடத்தில் ஒரு சங்கீதம் வாசித்து ஜெபியுங்கள். 104ஆம் சங்கீதம் பொருத்தமாக இருக்கும்.

கேள்வி: எங்கள் கிராமச் சபையில் இத்தகைய ஊழியத்தைத் தொடங்க வாலிபர் சங்கத்தார் விரும்புகிறோம். எங்கிருந்து தொடங்குவது? (வாசகர், நாசரேத் வட்டாரம்)

பதில்: ஆசீர்வாத ஆராதனையிலிருந்து தொடங்காதீர்கள், தடுப்பூசியிலிருந்து தொடங்குங்கள். செப்டம்பர் 28 உலக வெறிநாய்க்கடி நோய் தினம். அந்நோய்க்குத் தடுப்பூசி கண்ட லூயி பாஸ்டர் 1895இல் இறந்த நாள் அது. அதற்கு ஆறு நாள் கழித்து பிரான்சிஸ் திருநாள் வருகிறது. இந்த ஒரு வாரத்துக்குள் அரசு கால்நடை மருத்துவரை அழைத்து ஆலய வளாகத்தில் நாய்களுக்குத் தடுப்பூசி முகாம் நடத்தினால், பிராணிகளோடு பிள்ளைகளையும் காத்தவர்களாவீர்கள். ஏனெனில் மனிதருக்கு இந்நோய் வருவது பெரும்பாலும் நாய் மூலமாகத்தான். கடிபட்ட இடத்தைச் சோப்பும் ஓடும் நீரும் கொண்டு பதினைந்து நிமிடம் கழுவிவிட்டு உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டும் என்பதை ஞாயிறு பள்ளியிலேயே கற்றுக்கொடுங்கள்.

மாடு, ஆடு வளர்ப்போருக்குக் கோமாரித் தடுப்பூசி போடும் நாள்களை ஆலய அறிவிப்பில் வாசியுங்கள். கால்நடை ஆம்புலன்ஸுக்கான 1962 என்ற இலவச எண்ணை ஆலயச் சுவரில் எழுதிவையுங்கள். வளாகத்துக்கு வெளியே ஒரு தண்ணீர்த் தொட்டி கட்டி, கோடையில் அதை நிரப்பும் பொறுப்பை வீடு வீடாக முறை வைத்துக்கொள்ளுங்கள். முதியவர் ஒருவர் மருத்துவமனையில் சேர்ந்தால் அவர் வீட்டு ஆட்டுக்குத் தழை வெட்டிப் போட ஓர் ஆளை அனுப்புங்கள். கட்டிவைத்த ஆட்டை நினைத்துக்கொண்டே சிகிச்சையைப் பாதியில் விட்டுவிட்டு வீடு திரும்பியவர்களை நான் அறிவேன்.

இவை நடந்தபின் ஆசீர்வாத ஆராதனை தானாக இடம் பிடித்துக்கொள்ளும். அதை வெயில் ஏறுவதற்கு முன்பு, மரநிழலில் நடத்துங்கள். வெடியும் மேளமும் ஒலிபெருக்கியும் வேண்டாம். நாய்களையும் ஆடுகளையும் எட்ட எட்ட நிறுத்துங்கள். கடிக்கும் சுபாவமுள்ளதை வீட்டில் விட்டுவிட்டு அதன் கழுத்துப் பட்டையை மட்டும் கொண்டுவரலாம். உழவு மாடுகளைக் கொண்டுவருவோரிடம் அவற்றின் கழுத்தில் நுகத்தடிப் புண் இருக்கிறதா என்று அன்போடு பார்த்து, களிம்பு ஒன்றைக் கையில் கொடுத்தனுப்புங்கள்.