வடிகஞ்சிப் புண்ணும் வாழையிலையும்

கேள்வி: சிஸ்டர், நான்கு நாளுக்கு முன் என் மூன்று வயது மகன் மீது வடிகஞ்சி கொட்டிவிட்டது. வலது முன்கையிலும் மார்பின் ஒரு பக்கத்திலும் கொப்பளம். இங்கே வெள்ளை மருந்து பூசித் தினமும் கட்டுப் பிரிக்கிறார்கள்; கத்திரிக்கோலைப் பார்த்தாலே அலறுகிறான். தஞ்சாவூரில் ஒரு மருத்துவர், வெள்ளி கலந்த நுரைப் பட்டை ஒட்டினால் ஐந்து நாள் தொட வேண்டாம் என்கிறார். விலை மலைக்க வைக்கிறது. மாமியாரோ வாழையிலையே போதும் என்கிறார். எதைச் செய்வது?
– வாசகி, பாபநாசம்

பதில்: வெந்நீர் பட்டால் வழிந்து ஓடிவிடும் அம்மா. வடிகஞ்சி பசையாக ஒட்டிக்கொண்டு சூட்டை உள்ளே இறக்கும். அதனால் ஆழம் முதல் நாளில் பிடிபடாது. இப்போது நான்கு நாளாகிவிட்டதால் மருத்துவரால் ஓரளவு சொல்ல முடியும். முதலில் அதைக் கேளுங்கள்.

வெள்ளை மருந்து என்பது சில்வர் சல்ஃபாடயசின். 1968-இல் வந்தது. கிருமியை அடக்கும், விலையும் குறைவு. கும்பகோணத்தில் கட்டு அறையில் நின்ற காலம் முழுவதும் நான் பூசியது அதைத்தான். ஆனால் புண் மேல் மஞ்சளாக ஒரு படலம் படியும். துணி ஒட்டிக்கொள்ளும். உப்புநீர் ஊற்றி ஊறவைத்து ஓரத்தைத் தூக்கினாலும் பொட்டுப் பொட்டாக ரத்தம் துளிர்க்கும். நேற்று முளைத்த தோல் துணியோடு வருகிறது என்று அர்த்தம். ஒரு சிறுமி, கட்டுத் தட்டின் ஓசை கேட்டதுமே என் சேலைத் தலைப்பைப் பல்லில் கடித்துக்கொள்வாள். இந்த மருந்தை நான் குறை சொல்வது அவளால்தான்.

ஆய்வுகளும் அந்தப் பக்கமே சாய்கின்றன. பல ஆய்வுகளைத் தொகுத்த 2013-ஆம் ஆண்டு காக்ரேன் மதிப்பாய்வில், சிலிக்கோன் கட்டு, வெள்ளிக் கட்டு போன்றவற்றைவிட இந்த மருந்தில் புண் ஆறத் தாமதமானது. அந்த ஆய்வுகள் அவ்வளவு வலுவானவை இல்லை என்பதையும் அதே மதிப்பாய்வு ஒப்புக்கொள்கிறது. ஆஸ்திரேலியாவின் பிரிஸ்பேனில் குழந்தைகளிடமே வெள்ளிக் கட்டுகளை ஒப்பிட்டபோது, சிலிக்கோன் தடவிய நுரைப் பட்டையில் புண் சீக்கிரம் மூடியது, வலியும் குறைவு.

விலையை இப்படிக் கணக்கிடுங்கள்: ஐந்து நாள் மருந்து, துணி, பஸ் டிக்கெட், வீட்டுக்காரர் இழக்கும் கூலி எல்லாம் ஒரு பக்கம், ஒரு பட்டை மறுபக்கம். அப்படியும் கட்டுப்படியாகவில்லை என்றால் பாரஃபின் (வாசலின் போன்ற களிம்பு) தடவிய வலைத்துணி போட முடியுமா என்று கேளுங்கள். வெறும் துணியைவிடக் குறைவாகவே ஒட்டும்.

மாமியாரைக் கோபிக்காதீர்கள். 2003-இல் மும்பை மருத்துவர்கள் வாழையிலைக் கட்டைத் தீக்காயத்தில் சோதித்து நல்ல பலன் கண்டார்கள். இலை புண்ணில் ஒட்டுவதில்லை. ஆனால் அது நீராவியில் கிருமி நீக்கிய இலை. திருவையாற்று இலைக்கட்டு எவ்வளவு தளதளவென்று வந்து இறங்கினாலும் அது சாப்பாட்டுக்கு மட்டும்தான்.

நுரைப் பட்டை ஒட்டுமுன் பழைய மருந்தை முழுக்கக் கழுவச் சொல்லுங்கள். காய்ச்சல், கெட்ட வாடை, பட்டையை மீறிக் கசிவு என எது வந்தாலும் ஐந்தாம் நாளுக்குக் காத்திருக்க வேண்டாம். இரண்டு வாரத்தில் மூடாத புண்ணைப் பிளாஸ்டிக் சர்ஜன் பார்த்தாக வேண்டும், முழங்கை மடிப்பு வரை போயிருந்தால் இன்னும் முன்பே.

கட்டுப் பிரிப்பதற்கு அரை மணி நேரம் முன்பு வலி மருந்து கொடுக்கும்படி கேளுங்கள். பல இடங்களில் கேட்டால்தான் கொடுக்கிறார்கள்.