வழித்துணை: காரே வீடாக, கடலோரம் ஒரு வாரம்

கேள்வி: நானும் கணவரும் பிப்ரவரியில் எங்கள் பழைய வேகன் ஆரில் பிச்சாவரம் தொடங்கி கோடியக்கரை வரை ஒரு வாரம் போய்வர ஆசைப்படுகிறோம். லாட்ஜ் வாடகை கட்டுப்படியாகாது. கடற்கரையில் காரை நிறுத்தி அதிலேயே தூங்கலாமா?
– ஒரு வாசகி, கும்பகோணம்

தாராளமாகப் போய்வாருங்கள். காரிலும் தூங்குங்கள். கடற்கரையில் மட்டும் வேண்டாம்.

நம் பக்கத்துக் கடற்கரை சும்மா கிடக்கிற மணல் இல்லை. பழையாறு தொடங்கி தெற்கே வரை குப்பம் குப்பமாக மீனவர்கள் பிழைக்கிற இடம். படகு ஏற்றி வைப்பது, வலை காயப்போடுவது, கருவாடு உலர்த்துவது எல்லாம் அங்கேதான். விடியும் முன்பே ஃபைபர் போட்டைத் தள்ள ஆள் வந்துவிடும். யாரென்று தெரியாத கார் ஒன்று அங்கே நின்றால் ஊர் முழுக்கத் தூக்கம் கெடும். கோடியக்கரைப் பக்கம் இலங்கை வெகு அருகில் இருப்பதால் கடலோரக் காவல் குழுமத்தின் ரோந்தும் உண்டு. கண்ணாடியில் டார்ச் அடித்து எழுப்புவார்கள். அது அவர்கள் வேலை. ஆர்சி, இன்ஷூரன்ஸ், ஆதார் மூன்றையும் கைக்கு எட்டுகிற இடத்தில் வையுங்கள்.

அப்படியானால் எங்கே படுப்பது? யாத்திரை வருகிறவர்களைப் பார்த்துப் பழகிய ஊர்களில். மருந்துக் கம்பெனிப் பிரதிநிதியாக இந்த லைனில் அலைந்த காலத்தில் என் ஆம்னிதான் எனக்கு அறை. வைத்தீஸ்வரன்கோயில், நாகூர், வேளாங்கண்ணி, வேதாரண்யம் ஆகிய ஊர்களில் வேனிலும் பஸ்ஸிலும் படுத்துத் தூங்குகிறவர்களை யாரும் விசித்திரமாகப் பார்ப்பதில்லை. வேளாங்கண்ணியில் வண்டி நிறுத்தும் இடங்களில் குடும்பம் குடும்பமாகப் பாய் விரித்திருப்பார்கள். விளக்கும் ஆள் நடமாட்டமும் இருக்கிற இடத்தில் தூங்குவதுதான் பத்திரம்.

பெட்ரோல் பங்கும் நல்ல இடமே. ஆனால் கேட்காமல் நிறுத்தக்கூடாது. சாயங்காலம் அங்கேயே பெட்ரோல் போட்டுவிட்டு, கேஷியரிடம், “அண்ணே, காலையில் அஞ்சு மணிக்கு எடுத்துடுவோம், ஓரமா நிறுத்திக்கட்டுமா?” என்று கேளுங்கள். சரி என்றால், டேங்கர் லாரி எங்கே வந்து இறக்கும் என்பதையும் கேட்டுவிடுங்கள். காற்றடிக்கிற இடத்துக்கு அந்தப்பக்கம், சுவரை ஒட்டி, வண்டியின் முகம் வெளியே பார்க்கிறபடி நிறுத்தினால் நடு இரவில் யாரும் எழுப்ப வேண்டியிருக்காது.

என் கணக்கில் வழி இப்படி. முதல் நாள் பிச்சாவரத்தில் படகு ஏறி அலையாத்திக் காட்டைப் பார்த்துவிட்டு இரவு சிதம்பரம். அடுத்த நாள் பூம்புகாரில் காவிரி கடலில் கலக்கிற இடம், 1973-இல் கட்டிய சிலப்பதிகாரக் கலைக்கூடம், இரவுக்கு வைத்தீஸ்வரன்கோயில். தரங்கம்பாடிக்கு விடியற்காலையில் போய்ச் சேருங்கள். 1620-இல் டேனிஷ்காரர்கள் கட்டிய கோட்டை இன்னும் நிற்கிறது. அதற்குப் பக்கத்திலேயே மாசிலாமணிநாதர் கோயில். 1306-இல் மாறவர்ம குலசேகர பாண்டியன் காலத்தில் எழுந்த அந்தக் கோயிலின் முன்பகுதியைக் கடல் கொண்டுபோய்விட்டது. கோட்டையை மட்டும் படம் எடுத்துக்கொண்டு திரும்புகிறவர்களைப் பார்த்தால் எனக்கு ஆதங்கமாக இருக்கும். கோயில் வாசலில் அரைமணி நேரமாவது உட்காருங்கள்.

பிறகு காரைக்கால். அங்கே பெட்ரோல் தமிழ்நாட்டைவிட வழக்கமாகக் குறைவு, டேங்கை நிரப்பிக்கொள்ளுங்கள். நாகூரில் ஓர் இரவு, வேளாங்கண்ணியில் இரண்டு இரவு, வேதாரண்யத்தில் ஓர் இரவு. கோடியக்கரையில் காருக்குள் தூங்க நினைக்காதீர்கள், அது சரணாலயம். வெளிமானையும் பூநாரையையும் பகலில் பார்த்துவிட்டு இருட்டும் முன் வேதாரண்யம் திரும்பிவிடுங்கள். சிதம்பரத்திலிருந்து கோடியக்கரை சுமார் 150 கிலோமீட்டர்தான். உள்ளே போய்வருவதையும் சேர்த்து 250 என்று வைத்தாலும், லிட்டருக்கு 16 கொடுக்கிற வண்டிக்கு 16 லிட்டர் போதும். நாளைக்கு ஓர் ஊர் என்று மெதுவாகப் போகிறவர்களுக்குத்தான் செலவு குறைகிறது. ஓட ஓடத்தான் கடைச் சாப்பாடும் பெட்ரோலும் ஏறும்.

ஒன்றை மட்டும் கண்டிப்பாகச் சொல்கிறேன். இன்ஜினை ஓடவிட்டு, ஏசி போட்டு, கண்ணாடியை ஏற்றிக்கொண்டு ஒருபோதும் தூங்காதீர்கள். கார்பன் மோனாக்சைடுக்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. மூச்சில் ஏறுவது தெரியாமலே உயிர் போய்விடும். கொசுவலைத் துணியில் தலையணை உறை மாதிரி தைத்து, பின்கதவு இரண்டுக்கும் மேலிருந்து மாட்டிவிடுங்கள். கதவைச் சாத்தினாலும் கண்ணாடியை இறக்கிவைக்கலாம், காற்று வரும், கொசு வராது. உங்கள் தெரு டெய்லரே அரைமணி நேரத்தில் தைத்துக் கொடுப்பார்.

கேள்வி: எந்த மாதம் நல்லது? தீபாவளி லீவில் போகலாமா?
– ஒரு வாசகர், மன்னார்குடி

தீபாவளி லீவு வேண்டாம். ஐப்பசி, கார்த்திகை நமக்கு மழையும் புயலும். 2018 நவம்பர் 16 விடியற்காலை கஜா கரையேறியது இதே நாகப்பட்டினம், வேதாரண்யம் பக்கம்தான். அன்று சாய்ந்த தென்னைகளை நாம் யாரும் மறந்திருக்க மாட்டோம். சித்திரை, வைகாசியில் காருக்குள் படுக்கவே முடியாது.

தை, மாசி சரியான பருவம். பூநாரைகளும் இருக்கும், இரவில் காற்றும் குளிரும். ஆனால் அது சம்பா அறுப்புக் காலம். சாலையில் பாதி அகலத்துக்கு நெல் காய்கிறது. ராத்திரி அதைக் குவித்துத் தார்ப்பாய் போட்டு மூடி, ஓரத்தில் வரிசையாகக் கல் வைத்திருப்பார்கள். எதிரே ஒரு லாரி லைட் அடித்தால் அந்தக் கல் கண்ணுக்கே தெரியாது. ஆறு மணிக்கு மேல் வண்டியை எடுக்காதீர்கள்.

கூட்டம் வேண்டாம் என்றால் தை அமாவாசை, ஆடி அமாவாசையில் பூம்புகாரையும் வேதாரண்யத்தையும், ஆகஸ்ட் 29 முதல் செப்டம்பர் 8 வரை வேளாங்கண்ணியையும், தர்காவின் கந்தூரி விழா நாட்களில் நாகூரையும் தவிர்த்துவிடுங்கள்.

கேள்வி: நானும் தோழியும் மட்டும் போகிறோம். குளியல், கழிப்பறைக்கு என்ன செய்வது? வீட்டில் பயப்படுகிறார்கள்.
– ஒரு வாசகி, திருவாரூர்

வீட்டில் பயப்படுவதில் நியாயம் இருக்கிறது, தங்கச்சி. அதற்காகப் பயணத்தை விட்டுவிடாதீர்கள். எந்த இரவு எந்த ஊர் என்று எழுதி வீட்டில் கொடுங்கள். இருட்டும் முன் போய்ச் சேருங்கள். தூங்குகிற இடத்தில் குடும்பத்தோடு வந்திருக்கிற ஒரு வேனைப் பார்த்து, அதிலிருக்கிற பெரியம்மாவிடம் இரண்டு வார்த்தை பேசிவிட்டு, அதற்குப் பக்கத்தில் நிறுத்துங்கள். அதைவிடப் பெரிய காவல் இந்தப் பாதையில் கிடையாது. மனசுக்குச் சரியில்லை என்று பட்டால் காரணம் தேட வேண்டாம், வண்டியை எடுத்துவிடுங்கள். ஓட்டுநர் இருக்கையில் சாமான் வைக்காமல் காலியாக விட்டிருக்க வேண்டும், சாவி கையோடு இருக்க வேண்டும்.

குளிக்க வேளாங்கண்ணியிலும் நாகூரிலும் கட்டணக் குளியலறைகள் இருக்கின்றன. மற்ற ஊர்களில் காலையில் ஏதாவது லாட்ஜில் ஒரு மணி நேரத்துக்கு அறை கேட்டால், முழு வாடகை இல்லாமல் கொடுக்கிறவர்கள் உண்டு. மூன்றாவது இரவோ நான்காவது இரவோ ஒரு நல்ல அறை எடுத்துத் துணி துவைத்து, உடம்பை நீட்டிப் படுங்கள். அந்தச் செலவில் மட்டும் கணக்குப் பார்க்காதீர்கள்.

கடலில் இறங்குவதானால் உள்ளூர்க்காரர் குளிக்கிற இடத்தில், அவர்கள் இறங்குகிற அளவுக்கு மட்டும். முகத்துவாரங்களில் இறங்கவே கூடாது. ஆற்றிழுப்பும் கடலிழுப்பும் சேர்கிற இடம் அது. நீச்சல் தெரிந்தவர்களையே கொண்டுபோகும்.

கேள்வி: செலவைக் குறைக்கக் கோயில் அன்னதானத்தில் சாப்பிடலாமா? வசதி இருப்பவர்கள் சாப்பிடுவது தவறு என்கிறார் என் அப்பா.
– ஒரு வாசகர், மயிலாடுதுறை

அப்பாவின் மனசு புரிகிறது. ஆனால் வழிப்போக்கருக்குச் சோறு போடுவது இந்த மண்ணின் வழக்கம், அது ஏழை பணக்காரர் பார்த்து வந்ததில்லை. 1930 ஏப்ரல் 13-ஆம் தேதி திருச்சியிலிருந்து ராஜாஜி தலைமையில் சுமார் நூறு பேர் வேதாரண்யத்துக்கு உப்பெடுக்க நடந்தார்கள். அவர்களுக்குச் சோறோ இடமோ கொடுத்தால் தண்டனை என்று தஞ்சாவூர் கலெக்டர் தார்ன் எச்சரித்தார். நம் ஊர் ஜனங்கள் சோற்றுப் பொட்டலத்தை மரக்கிளையில் கட்டிவிட்டு ஒதுங்கிக்கொண்டார்கள். நடந்தவர்கள் அவிழ்த்துச் சாப்பிட்டார்கள். அவர்கள் நடந்துபோய்ச் சேர்ந்த அதே வேதாரண்யத்துக்குத்தான் நீங்களும் வண்டி ஓட்டப்போகிறீர்கள்.

வரிசையில் நின்று, பந்தியில் உட்கார்ந்து, இலையில் மிச்சம் வைக்காமல் சாப்பிடுங்கள். பார்சல் கேட்காதீர்கள். உண்டியலிலோ அன்னதான ரசீதிலோ ஒரு சாப்பாட்டுக் காசைக் கொடுத்துவிட்டு வாருங்கள். மற்ற வேளைகளுக்கு மெஸ் இருக்கிறது, சாயங்காலம் நாகூரில் ‘வாடா’ என்கிற பலகாரம் சூடாக இருக்கிறது.

கேள்வி: சின்ன கேஸ் அடுப்பு எடுத்துப்போகலாமா?
– ஒரு வாசகர், சீர்காழி

காருக்குள் பற்றவைக்கவே கூடாது. வெயிலில் பூட்டிய காரில் சிலிண்டரை விட்டுவைப்பதும் ஆபத்து. சவுக்குத் தோப்பில் அடுப்பு மூட்டாதீர்கள், காய்ந்த சருகில் ஒரு பொறி போதும். அவலும் வெல்லமும் வாழைப்பழமும் எடுத்துப்போங்கள், வெந்நீருக்கு டீக்கடை இருக்கிறது. குடிதண்ணீருக்கு மட்டும் ஒரு 20 லிட்டர் கேன் அவசியம். வேதாரண்யம் பக்கம் நிலத்தடி நீர் பல இடங்களில் உப்பு.

கேள்வி: உப்புக் காற்றில் வண்டி கெட்டுப்போகுமா?
– ஒரு வாசகர், பட்டுக்கோட்டை

ஒரு வாரத்தில் கெடாது, கழுவாமல் விட்டால் பிறகு கெடும். திரும்பியதும் வாட்டர் சர்வீஸில் அடிப்பக்கம், சக்கரத்து உட்புறம் எல்லாம் நல்ல தண்ணீர் பீய்ச்சச் சொல்லுங்கள். மணலில் இறக்காதீர்கள். தவறி இறங்கிவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்கச் சக்கரம் புதையும். டயர் காற்றைக் கொஞ்சம் இறக்கி, முன்னால் தென்னை மட்டையோ கால்மிதியோ போட்டு மெதுவாக எடுங்கள். வலை பின்னும் கூடத்தில் சொன்னால் நாலு பேர் வந்து தள்ளிவிடுவார்கள்.

கேள்வி: எனக்குக் கார் இல்லை. முதுகுப்பையோடு இதே வழியில் போகமுடியுமா?
– ஒரு மாணவர், தஞ்சாவூர்

முடியும், தம்பி. சிதம்பரத்திலிருந்து நாகப்பட்டினம் வரை பஸ்ஸுக்குப் பஞ்சமே இல்லை, அங்கிருந்து வேளாங்கண்ணி, வேதாரண்யத்துக்கும் அப்படியே. திருத்துறைப்பூண்டியிலிருந்து அகஸ்தியம்பள்ளிக்கு 2023-இல் மறுபடி ரயில் விட்டிருக்கிறார்கள், கிளம்புமுன் நேரத்தைப் பார்த்துக்கொள். இறங்கினால் உப்பளம். அங்கிருந்து கோடியக்கரை பஸ் ஏறிவிடலாம். பையில் கைலி, துண்டு, போர்வை, கொசுவத்தி, டார்ச் இருந்தால் போதும். கடைசி பஸ் எத்தனை மணிக்கு என்பதை இறங்கும்போதே கண்டக்டரிடம் கேட்டுவிடு.