மேற்குச் சுவரும் அட்டை மரமும்

கேள்வி: மதுரையில் ஒரு கட்டட வடிவமைப்பு அலுவலகத்தில் வரைவாளராக இருக்கிறேன். எங்கள் குடும்பத்துக்கான வீட்டை நானே ஸ்கெட்ச்அப் என்ற முப்பரிமாண வரைவு மென்பொருளில் வரைந்துவருகிறேன். பின்னணி நீக்கிய பிஎன்ஜி படங்களைத் தட்டையாக நிறுத்தி மரங்கள் வைத்திருக்கிறேன். மரம் நன்றாகத்தான் தெரிகிறது. ஆனால் அதன் நிழல் நீள்சதுரமாக விழுகிறது. பார்வைக் கோணத்தைத் திருப்பினால் நிழல் மெலிந்து கோடாகிவிடுகிறது. மேற்கே சுவருக்கும் காம்பவுண்டுக்கும் இடையில் உள்ள நான்கடி இடத்தில் ஒரு வேப்பமரம் நிறுத்தியிருக்கிறேன். மாலை நான்கு மணிக்கு அதன் நிழல் ஜன்னல்மேல் இயல்பாக விழ வேண்டும் (அது அம்மாவுக்கு ஒதுக்கிய அறை, படத்தைப் பார்த்த பிறகுதான் ஊர் வீட்டை விற்பது பற்றி முடிவு சொல்வேன் என்கிறார்). என்ன செய்யலாம்?

— ஒரு வாசகர், மதுரை

பதில்: தம்பி, கேட்டதற்குப் பதிலை முதலில் சொல்லிவிடுகிறேன். அதன் பிறகு நீங்கள் அடைப்புக்குறிக்குள் ஒதுக்கி வைத்ததைப் பற்றிப் பேச வேண்டியிருக்கிறது.

ஸ்கெட்ச்அப் நிழலைக் கணக்கிடும்போது படத்தைப் பார்ப்பதில்லை. படம் ஒட்டியிருக்கும் பரப்பின் விளிம்பைத்தான் பார்க்கிறது. இலைகளுக்கு இடையே வெற்றிடம் இருப்பது கண்ணுக்குத் தெரிகிறதே தவிர, நிழல் கணக்கில் அது சேராது. பரப்புக்குப் பூசிய மெட்டீரியலின் ஒளிபுகாத் தன்மையைக் குறைத்துப் பார்க்கலாமே என்று தோன்றும். அதுவும் உதவாது. 70 சதவீதத்துக்குக் கீழே இறக்கினால் நிழலே விழாது, அதற்கு மேல் முழு நிழல் விழும். இரண்டுக்கும் நடுவில் ஒன்றும் கிடையாது.

ஆகவே விளிம்பை மாற்றுங்கள். மரத்தின் காம்பொனென்ட்டை (ஒரே பொருளாகத் தொகுத்து வைத்த வடிவத்தை) திறந்து, ஃப்ரீஹேண்ட் அல்லது லைன் கருவியால் மரத்தின் வெளிக்கோட்டைப் படத்தின் மேலேயே வரைந்து, வெளியில் மிஞ்சும் பரப்பை அழித்துவிடுங்கள். பிறகு, கிளைகளுக்கு இடையே வானம் தெரியும் இடங்களில் சில ஒழுங்கற்ற ஓட்டைகளை வெட்டுங்கள். தரையில் வெயில் திட்டுத்திட்டாக விழுவது அந்த ஓட்டைகளால்தான். ஒவ்வோர் இலையாக வெட்டிக்கொண்டிருக்காதீர்கள், கோப்பு கனத்து நகராமல் போய்விடும். கடைசியாக, ஷிஃப்ட் விசையை அழுத்தியபடி அழிப்பானை ஓட்டினால் கோடுகள் மறையும், பரப்பு அப்படியே இருக்கும்.

கோணத்தைத் திருப்பினால் நிழல் மெலிவதற்குக் காரணம், 'ஆல்வேஸ் ஃபேஸ் கேமரா' என்ற தேர்வு மட்டும் போடப்பட்டிருப்பது. மரம் உங்களைப் பார்த்துத் திரும்பும்போது நிழலும் கூடவே திரும்புகிறது. அதற்குக் கீழேயே உள்ள 'ஷேடோஸ் ஃபேஸ் சன்' தேர்வையும் போடுங்கள். மரம் சூரியனைப் பார்த்து நிற்பதாகக் கொண்டு நிழல் விழும். நீங்கள் எங்கிருந்து பார்த்தாலும் அதன் வடிவம் மாறாது. காம்பொனென்ட்டின் அச்சு, தண்டு தரையைத் தொடும் இடத்தில் சரியாக இருக்க வேண்டும். ஓரத்தில் இருந்தால் மரம் ஓரிடத்திலும் நிழல் வேறிடத்திலும் கிடக்கும்.

இதோடு நிறுத்திவிடுபவர்கள் நம் ஊர் உச்சிவெயிலில் மாட்டிக்கொள்வார்கள். மதுரையில் ஏப்ரல் நடுவிலும் ஆகஸ்ட் கடைசியிலும் நண்பகலில் சூரியன் நேர் உச்சிக்கு வருகிறது. செங்குத்தாக நிற்கும் அட்டை மரத்துக்கு அப்போது நிழலே இருக்காது. உண்மையான மரத்துக்கோ கிளை விரிந்த அளவுக்கு நிழல் இருக்கும். கிளைகள் தொடங்கும் உயரத்தில், ஓட்டைகள் வெட்டிய ஒரு பரப்பைக் கிடையாக வைத்து அதே காம்பொனென்ட்டுக்குள் சேர்த்துவிடுங்கள். பக்கவாட்டிலிருந்து பார்த்தால் அது கோடளவுக்குத்தான் தெரியும், உச்சிவேளை நிழலை அது பார்த்துக்கொள்ளும்.

இன்னொன்று, இதைத்தான் பலரும் தொடுவதே இல்லை. இடம் குறிக்காத ஸ்கெட்ச்அப் கோப்பு, அந்த மென்பொருள் பிறந்த ஊரில் இருப்பதாகவே தன்னை எண்ணிக்கொள்கிறது. அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்திலுள்ள போல்டர் அந்த ஊர். வட அட்சம் 40 பாகை. மதுரை 10 பாகைக்குச் சற்றுக் கீழே. டிசம்பர் நண்பகலில் பத்தடிக் கம்பத்துக்கு அங்கே இருபதடி நிழல் விழும், இங்கே ஆறரை அடிதான். ஜூன் நண்பகலில் நமக்கு நிழல் தெற்கே விழும், அங்கே எந்த மாதத்திலும் நண்பகல் நிழல் வடக்கேதான். கடிதத்தில் நீங்கள் இடம் குறித்ததைப் பற்றி ஒரு சொல்லும் இல்லை. மாடல் இன்ஃபோவில் ஜியோ-லொகேஷனைத் திறந்து மதுரையைக் குறியுங்கள். நேர மண்டலம் 5:30 என்றிருக்கிறதா, வடக்குத் திசை சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள்.

நிழல் சரியாகிவிடும். இனி அடைப்புக்குறிக்கு வருவோம்.

இந்தக் கடிதம் எனக்குப் புதிதல்ல. ஒருவர் நிழலைப் பற்றிக் கேட்பார், ஒருவர் ஏ.சி.யின் அளவைக் கேட்பார், ஒருவர் எந்தப் பெயின்ட் வெப்பத்தைத் தடுக்கும் என்று கேட்பார். உள்ளே இருப்பது ஒரே அறைதான். மேற்கு பார்த்த அறை, வீட்டில் யார் வாய்திறந்து கேட்க மாட்டார்களோ அவர்களுக்கு ஒதுக்கிய அறை. கிழக்கிலும் வடக்கிலும் யார் படுக்கப்போகிறார்கள் என்று நீங்கள் எழுதவில்லை. அம்மாவின் அறைக்கு வெயில் வரும் என்பது உங்களுக்குத் தெரியும். தெரியாதவர் மாலை நான்கு மணி என்று துல்லியமாகக் கேட்க மாட்டார். வெயில் எங்கே அடிக்கும் என்று தெரிந்து, அங்கே அம்மாவை வைத்துவிட்டு, அந்த வெயில் படத்தில் தெரியாமலிருக்க வழி கேட்கிறீர்கள்.

அந்த மரத்தையே எடுத்துக்கொள்வோம். உங்கள் வேப்பமரம் நான்கடி இடத்தில் நிற்பதற்கு ஒரே காரணம், அதற்குப் பருமன் இல்லை என்பதுதான். வளர்ந்த வேம்பு 20 அடிக்கு மேல் கிளை விரிக்கும். அதன் வேருக்கும் அடிமரத்துக்கும் அஸ்திவாரத்தை ஒட்டிய அந்தச் சந்தில் இடம் கிடையாது. அப்படியே வைத்தாலும் கன்று ஜன்னலை மறைக்கப் பல கோடைகள் ஆகும். அம்மாவின் வயதை நீங்கள் எழுதவில்லை. அத்தனை கோடைகளையும் அவர் அந்த அறையில் எப்படிக் கழிப்பார் என்று எண்ணிப் பார்த்தீர்களா? மே மாதம் நான்கு மணிக்குச் சூரியன் நேர் மேற்கிலிருந்து 16 பாகை வடக்கே தள்ளியிருக்கும், டிசம்பரில் 30 பாகைக்கும் மேல் தெற்கே போயிருக்கும். நீங்கள் படம் எடுக்கும் நாளில் ஜன்னலில் விழும் நிழல் மற்ற மாதங்களில் பக்கத்துச் சுவரில் விழும். 'ஷேடோஸ் ஃபேஸ் சன்' போட்ட பிறகு அட்டை மரம் எந்நேரமும் தன் முழு அகலத்துக்கும் நிழல் கொடுத்துக்கொண்டிருக்கும். அந்தத் தாராளத்தை நம்பி ஒரு மனுஷி கையெழுத்துப் போடப்போகிறார்.

விற்பனைக்கான படத்தில் தெருவோரம் நான்கு மரம் நிறுத்துவது வேறு. அதை அலங்காரம் என்று எல்லாரும் அறிவார்கள். உங்கள் அம்மா அந்தப் படத்தை நம்பித் தன் வீட்டை விடப்போகிறார். அவருக்கு அது பத்திரத்துக்குச் சமம். பெற்றவரிடம் பொய்ப் பத்திரம் காட்டக் கூடாது. மகன் வரைந்தது என்பதாலேயே அவர் அதில் எதையும் சந்தேகிக்க மாட்டார், அதனால் உங்கள் பொறுப்பு இன்னும் கூடுகிறது.

இன்றே ஒன்று செய்யுங்கள். மரத்தை எடுத்துவிட்டு, தேதியை மே 15 என்றும் நேரத்தை மாலை 4 என்றும் வைத்து அந்த ஜன்னலைப் பாருங்கள். சூரியன் சுமார் 35 பாகை உயரத்தில் இருக்கும். இரண்டடி சன்ஷேடு போட்டிருந்தாலும் அது சுவரில் ஒன்றரை அடிக்குத்தான் நிழல் தரும். ஐந்து மணிக்கு அந்த நிழல் முக்கால் அடியாகிவிடும். நான்கடி ஜன்னலில் மற்ற இடம் எல்லாம் வெயில். ஒன்பது அங்குலச் செங்கல் சுவர் அந்த வெயிலை வாங்கி வைத்துக்கொண்டு, சில மணி நேரம் கழித்து, அவர் படுக்கும் நேரத்தில் உள்ளே விடும்.

அறையை மாற்றுங்கள். மாடிப்படி, குளியலறை, சாமான் அறை மூன்றையும் மேற்கே தள்ளினால் அவையே வெயிலைத் தாங்கிக்கொள்ளும். இளையவர்கள் பகல் முழுவதும் வெளியே இருப்பவர்கள், மேற்கு அறை அவர்களுக்கு இருக்கட்டும். பகல் இரண்டு மணியிலிருந்து ஆறு மணிவரை வீட்டில் இருக்கப்போகிறவர் யாரோ அவருக்குத்தான் குளிர்ந்த அறை. இதில் எனக்கு இரண்டாவது கருத்து கிடையாது.

எப்படிப் பார்த்தாலும் மாற்ற முடியவில்லை என்றால், மேற்கு ஜன்னலைச் சிறிதாக்கி, காற்றுக்கு வடக்கிலோ தெற்கிலோ இன்னொன்று வையுங்கள். சுவரிலிருந்து ஓரடி தள்ளி இரும்புச் சட்டத்தில் கம்பிவலை கட்டி, அதில் சங்குப்பூவையோ கோவைக்கொடியையோ ஏற்றுங்கள். உங்கள் நான்கடிக்கு அது அடங்கும், சில மாதங்களில் மூடிவிடும். கொடி ஏறும்வரை மாலையில் வெட்டிவேர்த் தட்டி தொங்கட்டும். ஸ்கெட்ச்அப்பில் மேலே சொன்ன அதே முறையில் அந்தக் கொடிப்பந்தலை வரையலாம். அது கட்டப்படப்போகிற பொருள், அதன் நிழலை எவ்வளவு அழகாக வேண்டுமானாலும் காட்டுங்கள்.

ஊர் வீட்டை விற்கலாமா கூடாதா என்று சொல்ல எனக்கு உரிமையில்லை. விற்ற பணம் இந்த வீட்டுக்குள் வருகிறதென்றால், புதிய பத்திரத்தில் அம்மாவின் பெயரும் இருக்க வேண்டும் என்று மட்டும் சொல்வேன். அதைத் தவிர்க்க நினைப்பவர் அந்தப் பணத்தைத் தொடக் கூடாது.

அம்மாவை அருகில் உட்காரவைத்துக்கொண்டு, மே மாதத்து மாலையை மணிக்கு மணி நகர்த்திக் காட்டுங்கள். எந்த அறை வேண்டும் என்று அவர் விரலால் தொட்டுச் சொல்லட்டும். மறுபடி எனக்கு எழுதுவதானால், தரைத்தள வரைபடத்தை முழுதாக, எந்த அறை யாருக்கு என்று பெயர் போட்டு அனுப்புங்கள்.