எடை குறைக்கும் காலத்தில் ஒயின்: கேள்விகளும் பதில்களும்

எடை குறைக்க நினைப்பவர்களுக்கு உணவு ஆலோசனை சொல்வது என் வேலை. காலையில் தின்ற பிஸ்கட்டைக்கூட மறக்காமல் எழுதிக்கொண்டு வருபவர்கள் பலர், ராத்திரி குடித்த ஒயினை எழுதுவதில்லை. குடிப்பதுதானே, சாப்பாட்டில் சேராது என்ற நினைப்பு. அதனால் இந்த முறை ஒயினைப் பற்றி மட்டும் கேட்கச் சொன்னேன். நான் மருத்துவர் இல்லை. மருந்தோ நோயோ குறுக்கிடும் இடங்களில் மருத்துவரைப் பாருங்கள் என்று சொல்லியிருக்கிறேன். அதைத் தயவுசெய்து தள்ளிப்போடாதீர்கள்.

கேள்வி: தினமும் இரவு இரண்டு கிளாஸ் ஒயின் குடிக்கிறேன். மற்றபடி டயட்டில் ஒழுங்காகத்தான் இருக்கிறேன். ஒயினை மட்டும் நிறுத்தினால் எடை குறையுமா மேடம்?

பதில்: குறைய நல்ல வாய்ப்பு இருக்கிறது. 12, 13 சதவீத ஆல்கஹால் உள்ள ஒயினில் 150 மி.லி.க்கு ஏறக்குறைய 115 முதல் 125 கலோரி. இரண்டு கிளாஸ் என்றால் 240 சொச்சம், மாதத்துக்கு 7,000-க்கு மேல். ஒரு கிலோ உடல் கொழுப்பில் தோராயமாக 7,700 கலோரி இருக்கிறது. ஆக, காகிதத்தில் பார்த்தால் மாதம் ஒரு கிலோவை நெருங்கும். உடம்பு அவ்வளவு நேராகக் கணக்குப் போடாது. எடை இறங்க இறங்க அது செலவழிக்கும் ஆற்றலும் குறையும். ஆனாலும் தட்டிலிருந்து தினம் 240 கலோரியைக் குறைத்தால் வயிறு காட்டிக்கொடுத்துவிடும். ஒயினிலிருந்து குறைத்தால் பசி அதிகமாகாது. எனக்கு இதுதான் பெரிய விஷயமாகத் தெரிகிறது.

கேள்வி: நான் ஒரே ஒரு கிளாஸ்தான் குடிக்கிறேன். அதையுமா விட வேண்டும்?

பதில்: அந்த ஒரு கிளாஸ் எவ்வளவு என்று முதலில் பார்த்துவிடுவோம். வழக்கமான கிளாஸை எடுத்து, வழக்கமாக எந்த மட்டம் வரை ஊற்றுவீர்களோ அதுவரை தண்ணீர் ஊற்றுங்கள். அதை அளவுக் குவளையில் கொட்டிப் பாருங்கள். இதைச் செய்து பார்த்துவிட்டு வருபவர்கள் பெரும்பாலும் 200 மி.லி.க்கு மேல் சொல்கிறார்கள், சிலர் 250. அப்படியானால் நீங்கள் ஒன்று என்று எண்ணுவது கிட்டத்தட்ட ஒன்றரை.

இதில் உங்கள் மேல் தப்பில்லை, கிளாஸே வளர்ந்துவிட்டது. இங்கிலாந்தின் ஒயின் கிளாஸ்களை அளந்து 2017-இல் ஓர் ஆய்வு வெளியானது. 1700-களில் சராசரியாக 66 மி.லி. பிடித்த கிளாஸ், இப்போது 449 மி.லி. பிடிக்கிறது. அத்தனை பெரிய கிளாஸின் அடியில் 150 மி.லி. ஊற்றினால் யாருக்கும் மனசு நிறையாது. குறைக்கத்தான் போகிறீர்கள், நிறுத்தப் போவதில்லை என்றால் சின்ன கிளாஸ் வாங்குங்கள். நிறைய பேருக்கு அதுவே பாதி வேலையைச் செய்துவிடுகிறது.

கேள்வி: சர்க்கரை இல்லாத டிரை ஒயினுக்கு மாறினால் போதாதா?

பதில்: போதாது. டிரை ஒயினில் லிட்டருக்குப் பெரும்பாலும் 4 கிராமுக்குள்தான் சர்க்கரை. 150 மி.லி.யில் ஒரு கிராம்கூட வராது. கலோரி வருவது ஆல்கஹாலிலிருந்து. மாவுச்சத்தும் புரதமும் கிராமுக்கு 4 கலோரி, கொழுப்பு 9, ஆல்கஹால் 7. ஒரு கிளாஸில் 14, 15 கிராம் ஆல்கஹால் இருக்கிறது, அதுவே 100 கலோரியைத் தொட்டுவிடும். அதனால் லேபிளில் முதலில் பார்க்க வேண்டியது சதவீதம். 9 சதவீத ஒயினுக்கும் 15 சதவீத ஒயினுக்கும் நிறைய வித்தியாசம் உண்டு. போர்ட் போன்ற இனிப்பு ஒயின்களில் ஆல்கஹாலும் அதிகம், சர்க்கரையும் லிட்டருக்கு ஏறக்குறைய 100 கிராம். டயட் காலத்தில் அந்தப் பக்கமே போக வேண்டாம்.

கேள்வி: லேபிளில் கலோரியே போடுவதில்லையே, எப்படித் தெரிந்துகொள்வது?

பதில்: ஐரோப்பிய ஒன்றியத்தில் 2023 டிசம்பர் 8-க்குப் பிறகு தயாரான ஒயின்களில் கட்டாயம் போட வேண்டும். மற்றபடி கையால் போடும் கணக்கு ஒன்று இருக்கிறது. மி.லி.யை ஆல்கஹால் சதவீதத்தால் பெருக்கி 100-ஆல் வகுங்கள். வந்ததை 0.79-ஆல் பெருக்கினால் ஆல்கஹால் எத்தனை கிராம் என்று தெரியும். அதை 7-ஆல் பெருக்குங்கள். டிரை ஒயின் என்றால் அதற்கு மேல் பத்து, பதினைந்து கூட்டிக்கொள்ளலாம்.

கேள்வி: குடித்த ஆல்கஹால் அப்படியே தொப்பையாக மாறுகிறது என்கிறார்களே?

பதில்: அப்படியே மாறுவதில்லை. நடப்பது கொஞ்சம் சுற்றுவழி. மாவுச்சத்தைச் சேமித்துவைக்க உடம்பில் இடம் உண்டு, கொழுப்புக்கும் உண்டு. ஆல்கஹாலுக்குக் கிடையாது. அதனால் அது உள்ளே வந்ததும் மற்ற எல்லாவற்றையும் நிறுத்திவைத்து அதைத்தான் முதலில் தீர்க்க வேண்டியிருக்கிறது. கல்லீரல் அதை அசிட்டால்டிஹைடாக்கி, அப்புறம் அசிட்டேட்டாக்கி ரத்தத்தில் விடும். உடம்பு அந்த அசிட்டேட்டை எரித்துக்கொண்டிருக்கும் வரை கொழுப்பு எரிவது மந்தமாகிவிடும்.

1999-இல் வெளியான ஓர் ஆய்வில், 24 கிராம் ஆல்கஹால் குடிக்கவைத்து இதை அளந்தார்கள். இரண்டு கிளாஸுக்குக் கொஞ்சம் குறைவான அளவு அது. ஆல்கஹாலில் 5 சதவீதத்துக்கும் குறைவாகத்தான் கொழுப்பாக மாறியது. ஆனால் அடுத்த சில மணி நேரத்துக்கு உடம்பு கொழுப்பை எரிப்பது 70 சதவீதத்துக்கு மேல் குறைந்தது. கல்லீரலால் மணிக்கு ஏழு முதல் பத்து கிராம் ஆல்கஹாலைத்தான் கையாள முடியும். இரவு ஒன்பதுக்கு இரண்டு கிளாஸ் குடித்தால் நள்ளிரவு தாண்டும் வரை இந்த வேலைதான் ஓடும். கூடவே சாப்பிட்ட சாப்பாட்டின் கொழுப்பு போய் உட்கார்ந்துகொள்ள அந்த நேரம் போதும்.

கேள்வி: பகலில் கட்டுப்பாடாக இருக்கிறேன். ஒயின் குடித்த இரவுகளில் மட்டும் கை நிற்காமல் எதையாவது தின்கிறேன். எனக்கு மன உறுதி இல்லையா?

பதில்: மன உறுதியைப் பழிக்காதீர்கள். ஆல்கஹால் பசியைத் தூண்டும், போதும் என்று சொல்லும் நிதானத்தையும் தளர்த்திவிடும். இரண்டும் ஒரே நேரத்தில் நடக்கிறது. எலிகளுக்கு ஆல்கஹால் கொடுத்துச் செய்த ஆய்வு ஒன்று 2017-இல் வந்தது. பட்டினியின்போது மூளையில் எந்த நரம்பு செல்கள் விழித்துக்கொள்ளுமோ அதே செல்கள் ஆல்கஹாலாலும் விழித்துக்கொண்டன, எலிகளும் கூடுதலாகத் தின்றன.

உங்கள் உணவுக் குறிப்பில் ஒயின் குடித்த நாட்களுக்கு எதிரே, முதல் கிளாஸுக்குப் பிறகு என்ன சாப்பிட்டீர்கள் என்று தனியாக எழுதிப் பாருங்கள். பாதி பாக்கெட் சிப்ஸ், இரண்டு துண்டு சீஸ், படுக்கப்போகும்போது ஃபிரிட்ஜைத் திறந்து நின்றுகொண்டே எடுத்த ஏதோ ஒன்று. ஒயினின் 240 கலோரியைவிட இதுதான் பெரிய தொகையாக வரும். ஒயினை விட்டதும் எதிர்பார்த்ததைவிட வேகமாக எடை இறங்கியது என்று சிலர் சொல்வதற்கும் காரணம் இதுதான்.

கேள்வி: ஒயின் இல்லாவிட்டால் தூக்கம் வராது. என்ன செய்ய?

பதில்: சீக்கிரம் தூங்கவைக்கும், அது உண்மை. பின்னிரவில்தான் தொல்லை. ஆல்கஹால் கரையத் தொடங்கியதும் தூக்கம் துண்டுதுண்டாகும், கனவுத் தூக்கமும் குறைந்துவிடும். மூன்று மணிக்கு விழிப்பு வந்து, வாய் உலர்ந்து, புரண்டு புரண்டு படுப்பீர்கள். தூக்கம் கெட்ட மறுநாள் பசி கூடும், நடக்கப் போகவும் மனம் வராது. நிறுத்தினால் முதல் சில இரவுகள் கஷ்டமாகத்தான் இருக்கும். படுக்கும் நேரத்தை மாற்றாமல் பொறுத்துக்கொள்ளுங்கள், பெரும்பாலானவர்களுக்குச் சரியாகிவிடும். வாரக்கணக்கில் தூக்கமே வராவிட்டால் மருத்துவரிடம் சொல்லுங்கள்.

கேள்வி: நிறுத்தி மூன்று வாரம் ஆச்சு. எடை அசையவே இல்லை. மனசு வெறுத்துவிட்டது.

பதில்: வெறுத்துப் போகாதீர்கள், நீங்கள் செய்தது வீணாகவில்லை. ஒயின் இருந்த இடத்துக்கு இப்போது என்ன வந்திருக்கிறது என்று பாருங்கள். குடியை விட்டவர்களுக்கு இனிப்பு மேல் ஆசை கூடுவது ரொம்ப சகஜம். மாலை ஏழு மணிக்கு ஒயின் இருந்த இடத்தில் ஐஸ்கிரீமோ ஜூஸோ உட்கார்ந்திருந்தால் கணக்கு சமமாகிவிடும். ஒரு பெரிய டம்ளர் பழச்சாறு ஒரு கிளாஸ் ஒயினுக்குக் குறைந்ததில்லை.

அப்புறம், தினசரி எடை தண்ணீரைப் பொறுத்து ஒன்று, ஒன்றரை கிலோ மேலும் கீழும் ஆடும். வாரச் சராசரியை எழுதுங்கள், இடுப்பையும் அளந்துவையுங்கள். நாலு வாரச் சராசரியும் நகராவிட்டால் ஒயின் பேச்சை ஒதுக்கிவைத்துச் சாப்பாட்டின் அளவைப் பார்க்க வேண்டும்.

கேள்வி: வார நாட்களில் பட்டினி கிடந்து கலோரியைச் சேர்த்துவைத்து, சனிக்கிழமை ஒரு பாட்டில் குடிக்கலாமா?

பதில்: வேண்டவே வேண்டாம். ஒரு பாட்டில் 750 மி.லி., 600 கலோரிக்கு மேல். அதற்காக நீங்கள் கைவிடுவது புரதத்தையும் காய்கறியையும். வெறும் வயிற்றில் ஆல்கஹால் வேகமாக ஏறும். பட்டினியில் ரத்தச் சர்க்கரையைத் தாங்கிப்பிடிப்பது கல்லீரல், அந்த வேலையை ஆல்கஹால் தடுக்கும். சர்க்கரை நோய்க்கு இன்சுலின் போடுபவர்களுக்கும் சில மாத்திரைகள் எடுப்பவர்களுக்கும் இது உயிருக்கே ஆபத்து. மெட்ஃபார்மின் எடுப்பவர்களும் மருத்துவரைக் கேட்காமல் குடிக்கக் கூடாது.

கேள்வி: ரெட் ஒயின் இதயத்துக்கு நல்லது என்பதால்தான் விடவில்லை.

பதில்: அதற்காக என்றால் தாராளமாக விடலாம். இதயத்துக்கு நல்லது என்று சொல்லப்படும் ரெஸ்வெரட்ரால் என்ற பொருள் அதில் மிகச் சொற்பம். பாதுகாப்பான மது அளவு என்று எதுவும் இல்லை என்று உலக சுகாதார நிறுவனம் 2023 ஜனவரியில் சொல்லிவிட்டது. அதன் புற்றுநோய் ஆய்வு அமைப்பு மதுவைப் புற்றுநோய் உண்டாக்கும் பொருட்களின் முதல் பிரிவில் சேர்த்ததோ 1988-இலேயே.

கேள்வி: ஆல்கஹால் நீக்கிய ஒயின்?

பதில்: கலோரி பாதிக்கும் கீழே வரும். சிலவற்றில் சுவைக்காகச் சர்க்கரை சேர்ப்பார்கள், லேபிளைப் பாருங்கள்.

கேள்வி: எடை குறைப்பு அறுவை சிகிச்சை முடிந்திருக்கிறது. எப்போதாவது ஒரு கிளாஸ்?

பதில்: இரைப்பை பைபாஸ் செய்தவர்களுக்கு ஆல்கஹால் முன்பைவிட வேகமாக, அதிகமாக ஏறும். முன்பு ஒன்றுமே செய்யாத அளவு இப்போது தள்ளாடவைக்கும். குடிப்பழக்கம் ஒட்டிக்கொள்ளும் அபாயமும் கூடுகிறது. அறுவை சிகிச்சை செய்த குழுவைக் கேட்காமல் தொடாதீர்கள்.

கேள்வி: யாரிடமும் சொன்னதில்லை. தினமும் ஒரு பாட்டிலுக்கு மேல் ஆகிறது. டயட்டைச் சாக்காக வைத்து நாளைக்கே நிறுத்திவிடலாமா?

பதில்: சொன்னதற்கு நன்றி. நாளைக்கே தனியாக நிறுத்த வேண்டாம், முதலில் மருத்துவரைப் பாருங்கள். இந்த அளவு தினமும் குடித்துவந்த உடம்பு திடீரென்று நிறுத்தினால் தாங்காமல் போகலாம். கை நடுக்கம், வியர்வை, படபடப்பு என்று சில மணி நேரத்திலேயே தொடங்கும். முதல் இரண்டு நாளில் வலிப்பு வரக்கூடும். அதற்கடுத்த நாட்களில் சிலருக்கு மனக்குழப்பமும், இல்லாதது தெரிவதும் வரும். ஏற்கெனவே நிறுத்திவிட்டு இதில் எது வந்தாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போங்கள். மருந்தோடு பாதுகாப்பாக நிறுத்த வழி இருக்கிறது. எடையை அப்புறம் பார்க்கலாம். வீட்டில் ஒருவரிடமாவது இன்றே சொல்லிவையுங்கள்.

கேள்வி: முழுதாக நிறுத்துவதா, குறைப்பதா? ஒன்றைச் சொல்லுங்கள்.

பதில்: அந்த அளவு பழக்கம் இல்லாதவர் என்றால், டயட் நடக்கும் வரை முழுதாக நிறுத்துங்கள் என்பேன். தினமும் மாலையில் இன்றைக்கு ஒன்றா, ஒன்றரையா என்று மனசோடு பேரம் பேசுவது பெரிய களைப்பு. ஒரேயடியாக வேண்டாம் என்று வைத்துவிட்டால் அந்தப் பேச்சே எழாது. வீட்டில் பாட்டில் வைக்காதீர்கள். விருந்துக்குப் போனால் உள்ளே நுழைந்ததும் எலுமிச்சைத் துண்டு போட்ட சோடாவைக் கையில் எடுத்துக்கொள்ளுங்கள், வெறும் கையோடு நிற்பவரைத்தான் எல்லோரும் உபசரிப்பார்கள். வற்புறுத்தினால் இப்போது குடிப்பதில்லை என்ற ஒரு வரி போதும், காரணம் சொல்லத் தொடங்கினால்தான் வாதம் வளரும்.

கேள்வி: நினைத்த எடை வந்த பிறகு மறுபடி ஆரம்பிக்கலாமா?

பதில்: அது உங்கள் முடிவு. எடை வந்ததும் இரண்டு மாதம் அதே எடையில் நிற்க முடிகிறதா என்று ஒயின் இல்லாமல் பாருங்கள். அதன் பிறகும் வேண்டும் என்று தோன்றினால், வாரத்தில் ஒரு நாள், சாப்பாட்டோடு, அளந்து ஊற்றிய 150 மி.லி. தினசரி என்ற இடத்துக்குத் திரும்பிவிட்டால் ஆறு மாதத்தில் பழைய சட்டை மறுபடி இறுகும்.